மடக்கி உழும் பயிரும் கொல்லாமையும்

பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு விதைத்த 40, 45 நாளில் செடி இடுப்பளவுக்கு மேல் வளர்ந்து பூவெடுக்கும். அந்தப் பருவத்தில்தான் அதை மடக்கிச் சேற்றோடு உழுகிறார்கள். ஏக்கருக்கு 20 கிலோ விதை போதும். நன்றாக வளர்ந்தால் 8 முதல் 10 டன் பசுந்தாள் கிடைக்கும். அதிலிருந்து மண்ணில் சேரும் தழைச்சத்து 25 கிலோவுக்குக் குறையாது. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருப்பது 20 கிலோ சொச்சம். சணப்பை, கொளுஞ்சி, சீமை அகத்தி ஆகியவையும் இதே வேலைக்கு வளர்க்கப்படுபவை. இவற்றை விளைவிப்பது அறுவடைக்காக அல்ல, புதைப்பதற்காகவே. கொல்லாமையை உயர்ந்த அறமாகக் கொண்ட ஒரு மரபில், சாகடிப்பதற்கென்றே ஓர் உயிரை வளர்ப்பது தகுமா?

பயிரை உயிர் என்று எண்ணாதவருக்கு இதில் கேள்வியே இல்லை. தமிழ் மரபில் அப்படித் தப்பிக்க வழியில்லை. தொல்காப்பியம் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று வகுத்துவிட்டது. சமணமும் தாவரங்களைத் தொடுவுணர்வு மட்டுமுள்ள உயிர்களாகவே கொள்கிறது. அந்த உயிரோட்டத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். தக்கைப்பூண்டு ஒன்றைப் பிடுங்கி, வேரில் மிளகளவு திரண்டிருக்கும் முடிச்சை நகத்தால் கீறினால் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்கும் ரைசோபியம் பாக்டீரியா குடியிருக்கும் இடம் அது. அந்தச் சிவப்புக்குக் காரணமான லெக்ஹீமோகுளோபின், நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான பொருள். முடிச்சு சிவந்திருந்தால் அது வேலை செய்கிறது என்று பொருள்.

உழவுக்கும் கொல்லாமைக்கும் உள்ள இழுபறி பழையது. இரும்பு முனைக் கலப்பை மண்ணையும் அதிலுள்ள உயிர்களையும் காயப்படுத்துகிறது என்று மனுஸ்மிருதி உழவைக் குறைத்துப் பேசுகிறது. சமண இல்லறத்தார் தவிர்க்க வேண்டிய 15 தொழில்களில் நிலத்தைப் பிளக்கும் தொழிலும் ஒன்று. ஆனால் வந்தவாசி, செஞ்சி வட்டாரங்களில் வாழும் தமிழ்ச் சமணர்கள் பரம்பரை உழவர்கள். மேல்சித்தாமூர் மடம் அவர்களுடைய சமயத் தலைமை. அவர்கள் சார்ந்த திகம்பர மரபே இதற்கு இடம் தருகிறது. முதல் தீர்த்தங்கரர் ரிஷபர் மக்களுக்குக் கற்றுத்தந்த ஆறு தொழில்களில் உழவும் உண்டு என்கிறது ஜினசேனரின் ஆதிபுராணம். கொல்ல வேண்டும் என்றே செய்யும் கொலையும், தொழிலை ஒட்டித் தவிர்க்க முடியாமல் நேரும் கொலையும் வேறு வேறு. இல்லறத்தார் முற்றிலும் விலக்க வேண்டியது முதலாவதைத்தான்.

பசுந்தாள் உரம் இதில் எந்தப் பக்கம் சேரும்? உழும்போது கொழுமுனையில் சிக்கும் புழு தற்செயலாகச் சாகிறது. நெற்பயிர் தன் ஆயுள் முடிந்து, மணி முற்றிப் பழுத்த பிறகே அரிவாள் வருகிறது. தக்கைப்பூண்டுக்கு இந்த இரண்டும் பொருந்தாது. அதன் சாவு முன்கூட்டியே நாள் குறிக்கப்பட்டது. காய்த்து முற்றும்வரை காத்திருக்கலாமே என்றால், தண்டு கட்டையாகிவிடும், சத்து விதைக்குப் போய்விடும். முற்றிய தண்டு மட்கும்போது மண்ணிலிருக்கும் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். ஆக, இளமையில் மடக்குவதில்தான் இந்த முறையின் பயனே இருக்கிறது. இதைத் தற்செயல் என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது.

இந்த இடத்தில் வள்ளலார் (1823–1874) துணைக்கு வருகிறார். தாவர உணவு உண்பதும் கொலைதானே என்ற தடையை அவர் ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் நேரடியாகவே எதிர்கொள்கிறார். செடியை வேரோடு அழிக்காமல் விதை, காய், கனி, தழை போன்றவற்றைக் கொள்வதால் அதன் உயிரைக் கொள்வதாகாது என்பது அவருடைய விடையின் சாரம். உணவுக்குச் சொன்ன இந்த அளவுகோலை உரத்துக்கும் வைத்துப் பார்த்தால், உழவர்கள் வெகுகாலமாகப் பிரித்துச் சொல்லும் இரண்டு முறைகளும் இரண்டு தட்டில் போய் நிற்கும். ஒன்று பசுந்தாள் உரம். செடி முழுவதும் சாகிறது. மற்றது பசுந்தழை உரம். புங்கம், வேம்பு, பூவரசு, கிளைரிசிடியா ஆகியவற்றின் கிளைகளைக் கழித்து வயலில் இட்டு மிதிப்பது. மரம் மறுபடி தளிர்க்கிறது. வள்ளலாரின் அளவுகோலுக்கு முழுதும் பொருந்துவது இரண்டாவது முறையே.

சென்னையை அடுத்த பூந்தமல்லியை ஒட்டிய கரையான்சாவடி போன்ற ஊர்களுக்கு இந்த அளவுகோல் அந்நியமானதல்ல. திருக்கச்சி நம்பிகள் பூந்தமல்லியில் நந்தவனம் வைத்து, மலர் பறித்துக் காஞ்சி வரதராசருக்குக் கொண்டுசென்றார் என்பது வைணவ மரபு. பூவைப் பறித்தாலும் செடி நிற்கும். நந்தவனத் தொண்டின் இயல்பே அது. இன்று செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றிய இந்தப் பகுதியில் வயல்கள் பெரும்பாலும் வீட்டு மனைகளாகிவிட்டன. தழை கழிக்க வரப்பு மரங்களும் இல்லை. எஞ்சிய நிலத்தில் உழுபவரிடம் தழையுரம் மட்டும் போடுங்கள் என்று சொல்வது எளிது. நெல்லுக்குப் பரிந்துரைக்கப்படும் தழையோ ஏக்கருக்கு இரண்டரை டன். அதற்கு எத்தனை மரம், எத்தனை கூலியாள் வேண்டும்!

மீதமிருப்பது உர மூட்டை. சென்னை மணலியில் உற்பத்தியாகும் யூரியாவுக்காக ஒரு செடியும் சாவதில்லை. ஆனால் அது இயற்கை எரிவாயுவைக் கொண்டு தயாரிக்கப்படுவது. பயிருக்குச் சத்து தருமே தவிர, மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் இரை தராது. கண்ணுக்குத் தெரியும் ஒரு சாவைத் தவிர்த்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்களைப் பட்டினி போடுவதைக் கொல்லாமை என்று சொல்ல முடியாது. நீர் நிற்கும் வயலில் பசுந்தாள் அழுகும்போது மீத்தேன் கூடுதலாக வெளிவருவது உண்மைதான். இந்த முறையும் குறையற்றதல்ல. ஆயினும் மடக்கிய செடி எதுவும் வீணாவதில்லை. முதலில் மண்ணுயிர்களுக்கும் பிறகு நெல்லுக்கும் அது உணவாகிறது.

திருக்குறளில் கொல்லாமை துறவறவியலில் இருக்கிறது. உழவு தனி அதிகாரமாகப் பொருட்பாலில் வருகிறது. உழுவதைவிட எருவிடுதல் நல்லது என்று அந்த உழவு அதிகாரம் சொல்கிறது. துறவிக்கான முழு விரதத்தை உழவன்மேல் சுமத்துவது நியாயமில்லை. அவனிடம் கேட்கக்கூடியது, சாவின் அளவு தேவையைத் தாண்டாதிருப்பதும், அந்தப் பயிரின் வம்சம் அறுந்துபோகாதிருப்பதும்தான். கொளுஞ்சி இதற்கு நல்ல வழி காட்டுகிறது. ஒருமுறை காய்த்து விதை சிந்த விட்டால், கடினமான தோலுள்ள அந்த விதை மண்ணில் கிடந்து அடுத்த பருவத்தில் தானே முளைக்கும். தக்கைப்பூண்டையும் வரப்போரம் ஒரு வரிசை விதைக்கு விட்டுவைக்கலாம்.

தமிழக அரசு 2024-25இல் அறிவித்த மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்தில் பசுந்தாள் உர விதை வழங்குவதும் அடங்கியிருந்தது. மரம் உள்ளவர் தழையைக் கழித்துப் போடட்டும். இல்லாதவர் தயக்கமின்றி மடக்கி உழட்டும். வரப்போரத்து வரிசையை மட்டும் காய்க்க விட்டுவிடுங்கள்.