பெயரும் பெருமையும்

தமிழரிடையே தந்தையின் பெருமை என்பது பெரும்பாலும் பிறர் காண நிகழ்வதாகவே இருக்கின்றது. மகன் பரீட்சையில் தேறினால் அண்டை வீட்டார் அறியவேண்டும். மகளுக்கு மணமென்றால் ஊர் திரண்டு வரவேண்டும். பேரன் பிறந்தால் சர்க்கரை வழங்கவேண்டும். பேத்தி பிறந்தாலோ வழங்கும் சர்க்கரை சற்றுக் குறைகின்றது. இப்பெருமையைப் பழித்துரைப்பது நம் நோக்கமன்று. மக்களைப் பெற்றுப் பேரர்களையும் கண்ட வயதில் நின்று எழுதும் நாம் அதன் இனிமையை நன்கு அறிவோம். ஆனால், பிள்ளையின் நலங்கண்டு நாம் மகிழ்கின்றோமா, அன்றிப் பிள்ளையால் நம் பெயருக்கு நேர்ந்த நலங்கண்டு மகிழ்கின்றோமா என்று ஒருவன் தன்னையே கேட்டுக்கொள்வது நன்று. இரண்டும் ஒன்றே என்று எண்ணிக்கொண்டு ஒரு வாழ்நாளையே கழித்துவிடலாம். பிள்ளை நம் கருத்துக்கு மாறாக ஓரடி எடுத்து வைக்கும் நாளில்தான் அவை இரண்டென்பது புலனாகின்றது.

கேள்வி பழையது. உறையூர்ச் சோழனாகிய கோப்பெருஞ்சோழன்மீது அவன் மக்கள் இருவரே பகைத்தெழுந்தனர். சினங்கொண்ட தந்தையும் போருக்கு எழுந்தான். புல்லாற்றூர் எயிற்றியனார் என்னும் புலவர் அவனைத் தடுத்தார். மக்களை வென்றுவிட்டால் இந்நாட்டை யாருக்கு விட்டுச் செல்வாய், நீ தோற்றாலோ உன் பகைவரன்றோ மகிழ்வர் என்று அவர் கேட்ட செய்தி புறநானூற்றில் இருக்கின்றது. அரசன் போரைக் கைவிட்டான். ஆயின் வாழ்வுக்குத் திரும்பவில்லை. வடக்கிருந்து உயிர் நீத்தான். பள்ளிகளில் இவ்வரலாற்றைப் பிசிராந்தையாரின் நட்புக்குச் சான்றாகவே கற்பிக்கின்றனர். நட்பு பெரிதுதான், ஐயமில்லை. எனினும், மக்களை வெல்லவும் மாட்டாமல், அவர்க்குத் தோற்கவும் மனமில்லாமல் ஒரு தந்தை இறந்தான் என்பதைப் பற்றி நாம் பேசுவதேயில்லை.

அண்மைக் காலத்தில் காந்தியடிகளின் மூத்த மகன் ஹரிலாலின் வரலாறும் இத்தகையதே. தென்னாப்பிரிக்க அறப்போரில் பன்முறை சிறை சென்று ‘சின்ன காந்தி’ என்று பெயர் பெற்றவர் அவர். இங்கிலாந்து சென்று சட்டம் பயில விரும்பினார். அதற்கென ஒரு நண்பர் அளித்த உதவித்தொகையைத் தந்தை தம் மகனுக்குத் தராமல் பிறருக்கு வழங்கினார். பொதுவாழ்வின் தராசில் அது நீதியே. ஆனால் அத்தராசில் ஏற மகன் உடன்பட்டானா? 1911-ல் ஹரிலால் தந்தையை விட்டுப் பிரிந்தார். அதன்பின் அவர் வாழ்வு குடியிலும் கடனிலும் சிதைந்தது. தந்தை மறைந்து ஐந்து திங்கள் நிறையுமுன், 1948 ஜூனில், பம்பாயில் மறைந்தார். கொள்கையின் பெருமைக்கும் குலத்தின் பெருமைக்கும் வேறுபாடு மிகப் பெரிது. ஆயினும் பிள்ளையைக் கேளாமல் பிள்ளையைக் கொண்டு எடுப்பிக்கும் பெருமை எதுவாயினும், அதன் விலையைப் பிள்ளையே கொடுக்கின்றான்.

அரசரையும் அடிகளையும் விட்டு நம்மவரிடம் வருவோம். பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், தென் செபராங் பிறையில் உள்ளது சிம்பாங் அம்பாட். நாற்சந்தி என்பது அம்மலாய்ப் பெயரின் பொருள். மேற்கே புக்கிட் தம்புனும் அதற்கப்பால் பத்து காவானும். தெற்கே சுங்கை பாக்கப்பும் நிபோங் தெபாலும். வெல்லெஸ்லி மாகாணம் என்று வெள்ளையர் அழைத்த இந்நிலத்தில் 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது, பின்னர் செம்பனை, இன்று பல இடங்களில் வீடமைப்பும் தொழிற்சாலையும். பயிர் மாறியபோதெல்லாம் நம்மவரின் தொழில் மாறியது. மண் மட்டும் ஒருநாளும் அவர்களுடையதாகவில்லை. நிலமும் வீடும் இல்லாதவனுக்கு, தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கும்? பிள்ளை ஒன்றே இருக்கும். தோட்டத்துத் தந்தையின் பெருமை அளவுக்கு மீறிக் கனத்துப் போனதற்கு இதனினும் வேறு காரணம் தேடவேண்டுவதில்லை.

அன்றியும், தந்தைமை என்பதே தோட்டத்தில் எளிதில் கிட்டியதன்று. நாகப்பட்டினத்தில் கப்பலேறிச் சஞ்சிக் கூலிகளாய் வந்தோருட் பெரும்பாலோர் தனி ஆடவர். 1910-ல் சஞ்சி முறை நின்று கங்காணி முறையே வழக்கான பின்னர்தான் மனைவி மக்களோடு வருவது பெருகிற்று. 1938-ல் இந்திய அரசு அவ்வாறு ஆள் அனுப்புவதையும் தடை செய்தது. பிறகு இருந்தவர் இருந்த இடத்திலேயே குடும்பமாயினர். விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டபோது கைகட்டி நின்றவன் ஒரு தகப்பன். துரைக்கும் கிராணிக்கும் கங்காணிக்கும் பணிந்த கை, மாலையில் லயத்துக்குத் திரும்பியதும் மனைவி மேலும் மக்கள் மேலும் ஓங்கிற்று. இதை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அது எங்கிருந்து பிறந்தது என்பதை மறைப்பதும் நியாயமாகாது.

1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த வரலாற்றை நம்முட் பலர் கேட்டிருப்பர். அவர்கள் கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. துரையும் கிராணியும் எதிர்ப்பட்டால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்றனர். கள்ளுக்கடையை மூடவேண்டும் என்றனர். பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும் என்றனர். இம்மூன்றையும் தனித்தனிக் கோரிக்கைகளாகவே எழுதி வைத்திருக்கின்றனர். நமக்கோ மூன்றும் ஒன்றாகவே தோன்றுகின்றன. சைக்கிளின் முன்தண்டில் மகனை அமர்த்தி வரும் ஒருவன், எதிரே கிராணியைக் கண்டதும் இறங்கி, மகனையும் இறக்கி, ஓரமாய் ஒதுங்கி நிற்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். அந்த மகன் அன்று என்ன கற்றிருப்பான்? தந்தை கற்பித்த பாடங்களெல்லாம் மறந்தாலும் அது மறந்திருக்காது. மகன் கண்முன் தாழாமல் நிற்கவேண்டும் என்பதும், மகன் கண்முன் குடித்து விழாமல் இருக்கவேண்டும் என்பதும், மகன் தன்னிலும் மேலாய்க் கற்கவேண்டும் என்பதும் ஒரே மனத்தின் வேண்டுகோள்கள். அவ்வேலைநிறுத்தம் படை கொண்டு அடக்கப்பட்டது. ஆனால் நாம் அறிந்தவற்றுள் தந்தையின் பெருமைக்கு அதனினும் நேரிய வடிவம் வேறில்லை. அது ஊரைக் காண அழைத்த பெருமையன்று.

அதற்கு அடுத்த ஆண்டே இழப்புக் காலம் தொடங்கிற்று. 1942-லும் 1943-லும் ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் ஆயிரமாயிரமாய்க் கொண்டுபோகப்பட்டனர். கழிச்சலும் மலேரியாவும் பட்டினியும் அவர்களைக் காட்டில் தின்றன. மாண்டோர் பெயர்களை எவரும் முழுமையாக எழுதி வைக்கவில்லை. வெள்ளைக் கைதிகளுக்குக் கல்லறைகள் உண்டு; அவற்றிற் பெயர்கள் உண்டு; பூச்செடிகளும் உண்டு. நம்மவர்க்கு அவ்வாறில்லை. மீண்டு வந்தவரோ வாய் திறக்கவில்லை. பேரப்பிள்ளைகள் கேட்டால், ‘அதெல்லாம் எதற்கு?’ என்று திண்ணையை விட்டு எழுந்து போவார்கள். அந்த மௌனத்தை அடக்கம் என்று சிலர் போற்றுகின்றனர். நாம் அவ்வாறு போற்ற மாட்டோம். துன்பத்தைப் பேசினால் சிறுமை வரும் என்னும் எண்ணமும் பெருமையின் மறுபக்கமே. அதனால் ஒரு தலைமுறையின் வரலாறு சிதையோடு போயிற்று.

இனிப் பெயரைப் பற்றி. பெயரன் என்பதே பேரன் ஆயிற்று. பாட்டன் பெயரைத் தரித்தவன் என்பது பொருள். மலேசியத் தமிழரின் அடையாளக் கார்டில் சாதிப்பெயர் ஒட்டு பெரும்பாலும் கிடையாது. ஒருவன் பெயர், அடுத்து ‘அனாக் லெலாக்கி’ அல்லது ‘அனாக் பெரெம்புவான்’, அதாவது மகன் அல்லது மகள், அதன்பின் தந்தையின் பெயர். சீர்திருத்தக்காரர் மேடையேறி முழங்கியும் தாய்நாட்டில் எளிதில் நடவாத ஒன்று இங்கே பெரும்பாலும் ஒரு பதிவுமுறையால் நடந்துவிட்டது என்பது மகிழத்தக்கதே. ஆயினும் இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். தாளில் தந்தையின் பெயர் ஒரு தலைமுறைக்கே நிற்கும். பேரனின் கார்டில் பாட்டன் இல்லை. பெயரிட்டு அழைத்தாலன்றி, அல்லது சொல்லி வைத்தாலன்றி, பாட்டன் அங்கேயே மறைகின்றான்.

சிலர் வீட்டில் தந்தையின் பெயரே நிற்பதில்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினோம் என்றாலும் தகும். மலேசியாவில் முஸ்லிமல்லாதார் திருமணங்களைப் பதிவு செய்யவேண்டும் என்னும் 1976-ம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. கோயில் மண்டபத்தில் ஆயிரம் பேர் உண்டு வாழ்த்தினாலும், பதிவேட்டில் இல்லாத மணத்திற் பிறக்கும் பிள்ளை சட்டத்தின் கண்ணில் தாயின் நிலையையே சாரும். தாய் வேற்று நாட்டவளாகவோ பத்திரமற்றவளாகவோ இருப்பின், தந்தை இம்மண்ணிலேயே பிறந்த பிரஜையாயினும், பிள்ளைக்குப் பிரஜாவுரிமை தானாக வாராது. சுதந்திர நாளாகிய 1957 ஆகஸ்டு 31 முதல் சில ஆண்டுகள் இந்நாட்டிற் பிறந்தவரெல்லாம் ஏறக்குறையப் பிரஜைகளே. 1962-ல் சட்டம் திருத்தப்பட்ட பின் பெற்றோரின் நிலையும் கணக்கில் வந்தது. படிவம் எழுதத் தெரியாமையும், தோட்டத்திலிருந்து பதிவிலாகாவுக்குச் செல்ல ஒருநாள் கூலியை இழக்கவேண்டியிருந்ததும் உண்மைதான். ஆனால் மேளத்துக்கும் பந்தலுக்கும் நிழற்படத்துக்கும் கடன் வாங்கியவன், ஒரு கையொப்பத்துக்கு நேரமில்லை என்பானாயின் அதை ஏழ்மை என்று நாம் ஏற்கமாட்டோம். ஊர் அறிந்த மணத்தைச் சர்க்கார் அறியவேண்டுமா என்று அவன் மார்தட்டுகின்றான். பிறகு அவன் பிள்ளை பள்ளிக்கூட வாசலிலும் மருத்துவமனை முகப்பிலும் நின்று நான் யார் என்று நிறுவவேண்டியவனாகின்றான். தன் பெயரைப் பெரிதாக அடித்து அழைப்பிதழ் அனுப்பிய தந்தை, அப்பெயரைப் பிள்ளையின் தாளில் இடாமற் போனான்.

இத்தீங்கு பெண்களை இருமடங்காகத் தாக்குகின்றது. திருக்குறளின் ஏழாம் அதிகாரத்தை நாம் ‘மக்கட்பேறு’ என்று வழங்குகின்றோம். பரிமேலழகரோ அதற்குப் ‘புதல்வரைப் பெறுதல்’ என்று தலைப்பிட்டார். வள்ளுவர் மக்கள் என்றது ஆணும் பெண்ணும் ஆகிய இருபாலாரையும் என்றே நாம் கொள்வோம். உரையாசிரியர் புகுந்தபோது மகள் வெளியேறிவிட்டாள். உரையைக் கற்றறியாத லயத்துத் தந்தையும் அதே உரையையே நடத்திக் காட்டினான். தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினான். தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் பள்ளி நடத்தவேண்டும் என்று சட்டம் இருந்த காலத்திலேயே இவ்வாறு நடந்தது. இன்று முதுமையில் அத்தந்தையருக்குச் சோறிடுபவர் யார் என்று சிம்பாங் அம்பாட்டில் பத்து வீடுகளில் ஏறி இறங்கிப் பாருங்கள். நிறுத்தப்பட்ட அந்த அக்காள்மார்களைத்தான் பெரும்பாலும் காண்பீர்கள்.

முதியவர் இப்பொழுது கூறும் குறை வேறு. பிள்ளைகள் பிரிந்து போயினர் என்கின்றனர். ஒருவன் தீவுக்குச் சென்றான். ஒருவன் சிங்கப்பூருக்குச் சென்றான். ஒருத்தி தலைநகரில் இருக்கின்றாள். பத்து காவானிலிருந்து தீவுக்கு 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலம் 2014 மார்ச்சில் திறக்கப்பட்டது. மகன் வருவதற்கு அது வழி என்று மகிழ்ந்தவர், அவன் போவதற்கும் அதுவே வழி என்பதைப் பின்னரே கண்டனர். இத்துயர் மெய்யானது. மாலையில் விளக்கேற்றி வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கிழவனிடம் தத்துவம் பேச நமக்கு மனம் வாராது. ஆயினும் ஒன்று கேட்கலாம். நாம் இந்நாட்டுக்கு வந்த வகைதான் என்ன? நம் முன்னோன் ஒருவன் நாகப்பட்டினத்துத் துறையில் கப்பலேறியபோது அவனும் ஒரு தந்தையைக் கரையில் விட்டுத்தான் வந்தான். அவனும் ஓராண்டில் மீள்வேன் என்றே சொல்லியிருப்பான். கரையில் நின்ற அம்மனிதன் எத்தனை நாள் காத்திருந்தான், யாரிடம் கடிதம் படிக்கச் சொல்லிக் கேட்டான் என்பதை நாம் ஒருவரும் விசாரித்ததில்லை. பிரிந்து சென்றவரின் வழிவந்தோர் நாம். பிரிந்ததற்காகப் பிள்ளைகளைச் சபிக்கும் உரிமை நமக்கு எவ்வாறு வந்தது?

இழந்தது பிள்ளையையன்று, பிள்ளைமேல் கொண்டாடிய உரிமையைத்தான் என்று இளைஞர் சிலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். அவ்வளவு எளிதன்று. வீடு நிறைய மக்கள் இருந்த ஒருவனுக்குத் தட்டில் ஒருபிடிச் சோறு தனியே இருப்பது உரிமையின் இழப்பு மட்டுமன்று. ஆனால் அவன் சொல்ல வேண்டியவற்றைச் சொல்லாமலே இருப்பானாயின், அவ்விழப்பு அவனோடு நிற்பதில்லை. பேரனுக்கும் பேத்திக்கும் அது சென்று சேர்கின்றது.

இக்காலப் பள்ளிகளில் குழந்தைகளைக் குடும்ப மரம் வரைந்து வரச் சொல்கின்றனர். தன் பெயர், தாய் தந்தையர் பெயர், தாத்தா பாட்டி பெயர் வரை குழந்தை எழுதிவிடுகின்றது. அதற்கு மேலுள்ள கட்டங்கள் பல வீடுகளில் வெறுமையாகவே ஆசிரியரிடம் செல்கின்றன. சிம்பாங் அம்பாட்டிலும் அதைச் சூழ்ந்த பழைய தோட்டங்களிலும் எண்பதைக் கடந்தவர் சிலர் இன்னும் இருக்கின்றனர். தம் பாட்டன் எந்த ஊர், எந்தக் கங்காணி கூட்டி வந்தான், எந்தத் தோட்டத்தில் முதலில் இறங்கினான் என்பதையெல்லாம் அவர்கள் அறிவர். அருகிருந்து கேட்டால் பாட்டியின் பெயரையும் சொல்வர்.