எவ்வளவு தூரத்தில் நிற்பது?

தென்காசியில் எனக்குத் தெரிந்த ஸ்டூடியோக்காரர் ஒருவர் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். பிலிம் சுருள் காலத்தில் தொழிலுக்கு வந்து, பாஸ்போர்ட் படமும் கல்யாண ஆல்பமுமாகக் குடும்பத்தை நடத்தியவர். புதிதாகக் காமிரா வாங்கப் போகிறேன் என்று அவரிடம் போய்ச் சொன்னேன். என்ன காமிரா என்று அவர் கேட்கவில்லை. "எதை எடுக்கப் போறீக, தம்பி?" என்றுதான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. "எல்லாத்தையும்தான், அண்ணாச்சி" என்றேன். "அப்பம் கையில இருக்கிற போனே போதும்" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

நான் கேட்கவில்லை. ஒரு நாவலுக்கு வந்த ராயல்டி முழுவதையும் கொண்டுபோய், ஒரு காமிராவும் எழுபதிலிருந்து இருநூறு மில்லிமீட்டர் வரை நீளும் ஒரு லென்ஸும் வாங்கினேன். வாங்கும் முன் ஆறு மாத காலம் விலைப் பட்டியல்களையும் ஒப்பீடுகளையும் படித்தேன். அந்த ஆறு மாதத்தில் ஒரு படம்கூட எடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாமான் தேடுவதில் ஒரு சுகம் இருக்கிறது. அது வித்தை பழகுவது போலவே தோன்றும். ஆனால் உடம்பு வியர்க்காது.

இந்தத் திருநெல்வேலிச் சீமையில் 1912-இல் பிறந்தவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் பிள்ளை. காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அவருடைய காமிரா கடையில் அப்படியே வாங்கியதல்ல. ஒன்றின் உடலும் இன்னொன்றின் உறுப்புமாக ஒட்டுப் போட்டுச் சேர்த்தது. அதற்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று வேடிக்கையாக ஒரு பெயரும் உண்டு. எதை எடுக்கப் போகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கருவி அதற்கு வளைந்து கொடுத்தது. எனக்கோ கருவி முதலில் வந்துவிட்டது.

ஆனாலும் பழகினேன். குற்றாலத்தில் சாரல் காலம் அதற்கு நல்ல பள்ளிக்கூடம். மேகம் மூடிய வெளிச்சத்தில் நிழல் கறுத்து விழாது; ஈரப் பாறையின் பளபளப்பைக் குறைக்க ஒரு வடிகட்டிக் கண்ணாடி போதும். லென்ஸில் விழும் தூவானத்தைத் துடைத்துத் துடைத்து இரண்டு வேட்டி கந்தலாயின. ஐந்தருவிக்கு முன் முக்காலியை நிறுத்தி, ஷட்டரைக் கால் வினாடி திறந்து வைத்தால் தண்ணீர் பட்டு நூலாகிவிடுகிறது. ஐந்நூறில் ஒரு பங்கு வினாடி என்றால் துளித்துளியாகக் கண்ணாடி மணிகள் அந்தரத்தில் நிற்கின்றன. இரண்டையும் மனிதக் கண் கண்டதில்லை. காமிரா பொய் சொல்லாது என்பவர்கள் அந்தச் சக்கரத்தைத் திருகிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிறகு ஓர் ஆடி அமாவாசை. பேரருவியில் பிதிர்க்கடன் செய்ய வந்த கூட்டம். நான் கூட்டத்துக்கு வெளியே, எதிரே எட்டி நின்று லென்ஸை முழு நீளத்துக்கு இழுத்தேன். கிழவர் ஒருவர் அருவியின் ஓரத்தில் நின்றார். கை குவிந்திருந்தது, கண் மூடி, வாய் சற்றுத் திறந்திருந்தது. தண்ணீர் முகத்தில் உடைந்து சிதறிய கணத்தில் அழுத்தினேன். நான் எடுத்ததிலெல்லாம் சிறந்த படம் அது. இன்றுவரை அதுதான்.

இரவு என் மனைவியிடம் காட்டினேன். வெகு நேரம் பார்த்தாள். "இவர் அழுகிறாரே! எடுக்கலாமான்னு கேட்டீங்களா?" என்றாள்.

அழுகிறாரா, அது அருவி நீரா என்று எனக்குத் தெரியாது. அருவிக்கடியில் அழுகிறவனுக்கு அதுதானே வசதி? யாருக்கும் தெரியாது என்று நம்பித்தான் அவர் அங்கே அழுதிருப்பார். ஐம்பதடிக்கு அப்பால் ஒருவன் நிற்பதை அவர் அறியவில்லை.

கேட்டிருந்தால் படம் கிடைத்திருக்காது, அதுவும் நிச்சயம். கண்ணைத் திறந்திருப்பார், துண்டைத் தேடியிருப்பார், முகத்தைச் சரி செய்துகொண்டிருப்பார். கதை எழுதுகிறவன் இதற்கெல்லாம் கூசலாமா என்றும் எண்ணிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுத் துக்கத்தைக் கேட்காமல் எடுத்துக்கொண்டுதானே இத்தனை காலம் பிழைத்திருக்கிறேன்? ஆனால் கதையில் பெயரை மாற்றுகிறேன், ஊரை மாற்றுகிறேன், ஆணைப் பெண்ணாக்கிவிடுகிறேன். படத்தில் முகத்தை என்ன செய்வது? முகம்தான் படம்.

யானைக்கு எட்டி நிற்பது மரியாதை. அதன் வழியில் குறுக்கிடாமல், அதை மிரட்டாமல் பார்க்கிறோம். மனிதனுக்கு எட்டி நிற்பது அப்படியல்ல. அவன் நம்மைத் திரும்பிப் பார்க்கும் உரிமையைப் பறித்துக்கொள்கிறோம். ஒரே லென்ஸ்தான். கடையில் யாரும் இதைச் சொல்லி விற்பதில்லை. நடராஜருக்குரிய ஐந்து சபைகளில் குற்றாலத்தினுடையது சித்திர சபை. இங்கே அவர் சுவரில் ஓவியமாக ஆடுகிறார். படமாக இருக்கச் சம்மதித்தவர் இந்த ஊரில் அவர் ஒருவர்தானோ என்னவோ!

ஸ்டூடியோக்காரரிடம் திரும்பப் போனேன். படத்தைக் காட்டவில்லை, வெட்கமாக இருந்தது. "ஐம்பது மில்லிமீட்டர் ஒண்ணை மாட்டுங்க, தம்பி. ஒரு வருஷத்துக்குக் கழத்தப்படாது" என்றார். அந்த லென்ஸில் பெரிதாக்கும் வித்தை கிடையாது. வேண்டுமானால் காலால் நடக்க வேண்டும். 1990-இல் மறுபடியும் எழுந்து நின்ற தென்காசிக் கோபுரத்தை அதற்குள் அடக்க, வீதியில் பின்னால் பின்னால் நடந்து ஒரு சைக்கிளில் மோதினேன். மனிதர்களை எடுக்கவோ, அவர்கள் மூச்சுப் படும் தூரத்துக்குப் போக வேண்டியிருந்தது. பேச வேண்டியிருந்தது. "எந்தப் பத்திரிகையில வரும்?" என்றார்கள். விலாசம் கொடுத்துப் பிரதி அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். படங்கள் சுமார்தான். எல்லாரும் காமிராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

கிழவர் படத்தைப் போட்டிக்கு அனுப்பும்படி நண்பர்கள் இரண்டு தடவை வற்புறுத்தினார்கள். அனுப்பவில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை. மறு வருஷம் ஆடி அமாவாசைக்கு ஒரு பிரதியை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு பேரருவிக்குப் போனேன். விடியற்காலை ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணி வரை கரையில் நின்றேன். அவர் வரவில்லை. அல்லது வந்தும், தலை துவட்டிச் சட்டை போட்டுக்கொண்டு என் பக்கமாகவே நடந்து போயிருக்கலாம். எனக்கு அடையாளம் தெரியவில்லை.