கல்லென்று எண்ணிய உயிர்: பாயார் தீவும் கொல்லாமையும்

லங்காவிக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில், மலாக்கா நீரிணையின் வடபகுதியில், பாயார் என்னும் சிறு தீவு இருக்கிறது. அதன் நீளம் இரண்டு கிலோமீட்டரைக்கூட எட்டாது. காச்சா, லெம்பு, செகாந்தாங் ஆகிய குட்டித் தீவுகளோடு சேர்த்து 1994-இல் மலேசிய அரசு இதைக் கடல் பூங்காவாக அறிவித்தது. தீவுகளைச் சுற்றி இரண்டு கடல் மைல் வரை மீன்பிடிக்கத் தடை. பவளத்தை உடைப்பதும் எடுத்துச் செல்வதும் குற்றம். இரவு தங்க விடுதி எதுவும் இல்லை. காலையில் லங்காவியின் குவா துறையிலிருந்து படகில் வருவோர் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு சில மணி நேரம் நீரில் மிதந்து, பவளப்பாறையையும் மீன்களையும் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்புகிறார்கள்.

கெடா மாநிலத்தின் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ் வட்டாரத் தமிழர்களுக்கு இப்படிக் கடலைப் பார்ப்பது புதியது. அவர்களுடைய பாட்டன் பூட்டன்மாருக்குக் கடல் என்பது நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய பயணம். இறங்கியபின் கடல் கண்ணில் படாத உள்நாட்டு ரப்பர்த் தோட்டங்களில், லயத்துக்கும் பால்மரத்துக்கும் இடையே வாழ்நாள் கழிந்தது. பிறகு கடலுக்குப் போனதெல்லாம் பெரும்பாலும் சடங்குக்காக: மாசி மகத் தீர்த்தம், இறந்தவரின் அஸ்தி கரைப்பு, ஆடி அமாவாசை. நீரில் மூழ்கினால் கண்ணை மூடிக்கொண்டார்கள். கண்ணைத் திறந்துகொண்டு மூழ்குவதற்கென்றே ஒரு தீவுக்குப் போகும் தலைமுறை இப்போது வந்திருக்கிறது. வெறுமனே பார்க்கப் போகிறவருக்கு, பார்க்கப்படும் உயிரிடம் கடமை ஏதும் உண்டா என்ற கேள்வியும் அவர்களோடு சேர்ந்து வந்திருக்கிறது.

முதலில், பார்க்கப்படுவது எது? பவளத்தைத் தமிழர்கள் நெடுங்காலமாக நவமணிகளில் ஒன்றாகவே அறிந்திருக்கிறார்கள். மாலையில் கோத்தார்கள், மோதிரத்தில் பதித்தார்கள், செவ்வாய்க்கு உரிய கல் என்று ஜோதிடத்தில் சேர்த்தார்கள். உயிரியல் சொல்வது வேறு. கடல் சாமந்திக்கு உறவான மிகச் சிறிய விலங்குகள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்ந்து, தம் அடியில் சுண்ணாம்பைச் சுரந்து கட்டியதே பவளப்பாறை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய், அதைச் சுற்றி உணர்கொம்புகள். தொட்டால் சுருங்கும், இரையை உணர்ந்து பிடிக்கும். அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெயிலில் உணவு சமைத்து அதற்கும் தருகின்றன. கிளைப் பவளம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வளரும். உருண்டைப் பவளம் இன்னும் மெதுவாகவே வளரும். ஆள் உயரப் பாறை ஒன்று நூறாண்டுக்கும் மேற்பட்ட உழைப்பாக இருக்கலாம். துடுப்புக் காலணியின் ஒரு உதையில் கிளை முறிந்துவிடும்.

உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுத்த தொல்காப்பிய மரபியல், புல்லையும் மரத்தையும் ஓரறிவிலும் நத்தை, சிப்பி இனத்தை ஈரறிவிலும் வைக்கிறது. தொடுவுணர்வும் வாயும் உடைய பவள உயிர் இந்த வகுப்பில் ஈரறிவுக்குள் சிக்கலின்றி அமரும். சமண மரபு இன்னும் வியப்பானது. பவளத்தை அதுவும் மண், கல், தாதுக்களோடுதான் சேர்த்தது. ஆனால் மண்ணையும் கல்லையுமே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டு என்று அது நம்பியதால், பவளத்தைக் கல் என்று எண்ணியபோதும் அதற்கு உயிர் மறுக்கவில்லை. மாணிக்கவாசகரின் சிவபுராணம் உயிர் எடுத்த பிறவிகளை அடுக்கும்போது புல், பூடு, புழு, மரம் என்று தொடங்கிக் கல்லையும் அவற்றில் ஒன்றாகச் சொல்கிறது. கெடாவின் கோயில்களிலும் பாடப்படும் பதிகம் அது. கல்லுக்கும் உயிருக்கும் நடுவே இந்த மரபுகள் உறுதியான மதில் எழுப்பவில்லை. ஆகவே பவளத்தை மிதிப்பவர், கல் என்றுதானே மிதித்தேன் என்று சொல்லித் தப்புவதற்குச் சமயத்தில் இடம் குறைவு.

அறியாமல் செய்த தீங்கு பாவமாகுமா? இதில் பௌத்தமும் சமணமும் நெடுங்காலம் மோதின. மோதிய இரண்டில் பௌத்தத்துக்குக் கெடாவோடு தொடர்பும் உண்டு. கெடாவின் பழைய வடிவான கடாரம் பௌத்தமும் சைவமும் தழைத்த துறைமுக நாடு. பூஜாங் பள்ளத்தாக்கில் இரண்டின் எச்சங்களும் கிடைத்திருக்கின்றன. கடாரத்து அரசன் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுந்த சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்ததை லெய்டன் செப்பேடுகள் சொல்கின்றன. அந்த மோதலில் பௌத்தம் வினையின் வேர் எண்ணத்தில் இருக்கிறது என்றது: கொல்லும் நோக்கமின்றி எறும்பை மிதித்தவன் கொலைகாரன் அல்லன். சமணம் அதோடு நிற்கவில்லை. கவனமின்மையால் உயிர் போக்குவதே இம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுத்தது. நோக்கம் தூய்மையாக இருந்தால் போதாது, காலை வைக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். சமண முனிவர் மயிற்பீலியால் நிலத்தை நீவிவிட்டு அமர்வது இதனால்தான்.

பாயார் தீவைப் பொறுத்தவரை சமணர் பக்கமே நியாயம் இருக்கிறது. பவளத்தை முறிக்க வேண்டும் என்று எண்ணிப் படகேறுபவர் யாரும் இல்லை. நீச்சல் பழகாதவர் பதறிப்போய்ப் பாறை மேல் கால் ஊன்றுகிறார். துடுப்புக் காலணி கிளப்பிய மணல் பவளத்தின் மேல் படிகிறது. மீனுக்கு அன்போடு போடும் ரொட்டித்துண்டு, பாசியை மேய்ந்து பவளத்துக்கு இடம் விட்டுவைக்கும் மீனை அந்த வேலையிலிருந்து இழுக்கிறது. வெயிலுக்குப் பூசும் களிம்புகள் சிலவற்றில் பவளக் குஞ்சுகளுக்குக் கேடான வேதிப்பொருள் இருப்பதாகக் கண்டு ஹவாயும் பலாவும் அவற்றுக்குத் தடை விதித்திருக்கின்றன. எல்லாமே நல்லெண்ணத்தோடு செய்யப்படுபவை. எண்ணத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இங்கே குற்றவாளியே இல்லை, பவளம் மட்டும் செத்துக்கொண்டிருக்கும்.

கவனமாக மிதப்பவருக்கும் பொறுப்பு உண்டா? கொலையாளி ஒருவன், வாங்கி உண்பவன் ஒருவன் என்று பிரித்துப் பேசிய வாதத்துக்குத் திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் விடை தருகிறது: உண்பதற்கென உலகம் கொல்லாவிட்டால், விலைக்கு இறைச்சி விற்பாரும் இரார் என்பது அங்குள்ள கருத்து. சமண நூலான நீலகேசியும் பௌத்தரோடு வாதிடும்போது இதே பிடியைத்தான் பிடிக்கிறது. படகுக்கும் இது பொருந்தும். ஒருவர் எதையும் தொடாமல் திரும்பலாம். ஆனால் அவர் வாங்கிய சீட்டும் சேர்ந்துதான் நாளைக்கு இன்னொரு படகை வரவைக்கிறது. தீபகற்பத்தின் கிழக்குக் கரைத் தீவுகளை ஆண்டிறுதியில் வடகிழக்குப் பருவமழை பல வாரங்கள் மூடிவைக்கிறது. மேற்கே ஒதுங்கியிருக்கும் பாயாருக்கு அந்த இயற்கை ஓய்வும் சரியாகக் கிடைப்பதில்லை.

அப்படியானால் போகவே கூடாது என்று முடிக்கலாமா? துறவிக்கு அது பொருந்தும். இல்லறத்தாருக்கு மரபு விதித்தது விலகலை அன்று, ஒழுங்கை. கோயில் குளத்தில் இறங்குவோர் எச்சில் துப்பக்கூடாது, சோப்புப் போட்டுத் துவைக்கக்கூடாது என்பதைத் தமிழ்க் குழந்தைகள் கேட்டே வளர்கின்றன. குளத்துக்கு உண்டான அந்த மரியாதையைப் பவளத்திட்டுக்கு நீட்டுவதில் கொள்கைத் தடை ஏதும் இல்லை. பார்த்த கண்ணுக்குத்தான் இரக்கம் சுரக்கும் என்பதும் உண்மை. வாடிய பயிரைக் கண்டு வாடிய வள்ளலாரின் இரக்கமும் காண்பதில்தான் தொடங்கியது. நீந்தத் தெரியாதவரை மிதவைச் சட்டையோடு மணற்பரப்பின் மேலேயே நிறுத்துவது, நாளொன்றுக்கு வருவோர் தொகையை வரம்பிடுவது, தேவைப்படும்போது மூடுவது எல்லாம் இந்த ஒழுங்கின் பகுதிகளே. 2010-இல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தபோது தியோமான், ரெடாங் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களை மலேசியா மூடியது. வருவாய் இழப்பைப் பொறுத்துக்கொண்ட அந்த முடிவு சரியானது.

வெளுப்பில்தான் கொல்லாமைக் கோட்பாடு மிகக் கடினமான இடத்தை அடைகிறது. கோடைகால உச்சத்தைவிட ஒரு பாகை அதிகமான சூடு சில வாரங்கள் நீடித்தாலே பவளம் தன் பாசிகளை வெளியேற்றி வெளிறுகிறது. சூடு தணியாவிட்டால் பட்டினியில் சாகிறது. அந்தச் சூட்டுக்குக் காரணமான புகை உலகெங்கும் எழுவது. பாயாரின் பெயரையே கேட்டிராதவருக்கும் அதில் பங்கு உண்டு. சைவ சித்தாந்தத்தில் வினை அவரவர் உயிரையே பற்றும். ஒருவர் கணக்கில் மற்றவர் பற்று எழுத முடியாது. எல்லோரும் சிறிது சிறிதாகச் செய்து ஒருவரும் செய்யாததுபோல் முடியும் கொலைக்கு அந்தக் கணக்கேட்டில் தலைப்பு இல்லை. வாங்குவோர் அத்தனை பேரையும் ஒரு சேரப் பொறுப்பாக்கிய குறளின் வழியிலிருந்துதான் அந்தத் தலைப்பை எழுதத் தொடங்க முடியும்.