விரல் வைத்த பக்கம்

சென்ற ரமலானுக்கு முந்திய மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின், கீழக்கரையில் என் தங்கை வீட்டுக் கூடத்தில் பெண் கேட்டு வந்தவர்கள் அமர்ந்திருக்க, உள்ளறையில் இருந்த மருமகளிடம் சென்று அவள் அபிப்பிராயத்தை அறிந்து வரும் பொறுப்பு தாய்மாமனாகிய எனக்கு அளிக்கப்பட்டது. வாப்பா கேட்டால் மரியாதைக்காகச் சரி என்று சொல்லிவிடுவாள், உம்மா கேட்டால் வாக்குவாதத்தில் முடியும், ஆகவே மாமா கேட்பதே உத்தமம் என்று குடும்பத்தார் முன்னரே தீர்மானித்திருந்தார்கள்.

சென்னையில் குழந்தை மருத்துவத்தில் மேற்படிப்புப் படிக்கும் அவளுக்கு அப்போது 27 வயது. விடுமுறைக்கு வந்திருந்தவள், கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து தடித்த பாடப்புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் உத்தியோகம், குடும்பத்தின் யோக்கியதை, அவர்கள் நிக்காஹை ஷவ்வாலிலேயே முடித்துவிட விரும்புவது எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லி, “உனக்குச் சம்மதந்தானேம்மா?” என்று கேட்டேன். அவள் புத்தகத்தைப் பாதி மூடினாள்; ஆனால் படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் ஆட்காட்டி விரலை வைத்தபடியே மூடினாள். என்னைப் பார்த்தாள், பிறகு ஜன்னலைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. நான் சிறிது நேரம் நின்றுவிட்டு வெளியே வந்து, “பேசாமல் இருக்கிறாள்” என்றேன். கூடத்தில் இருந்த பெரியவர் ஒருவர், “அல்ஹம்துலில்லாஹ், அதுதானே சம்மதம்!” என்றார். ஃபாத்திஹா ஓதப்பட்டது, சர்க்கரை வழங்கப்பட்டது.

மூன்றாம் நாள் சென்னையிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். “மாமா, நான் சரின்னு சொல்லவே இல்லையே. யோசிச்சுக்கிட்டுல்ல இருந்தேன். அதுக்குள்ளே நீங்க வெளியே போயிட்டீங்க.”

அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. இரண்டு குடும்பங்களுக்கும் ஏற்பட்ட மனத்தாங்கலை இங்கே விவரிப்பதில் பிரயோஜனம் இல்லை. என் மனத்தில் தங்கிவிட்டது அந்த விரல்தான்.

அதை நான் பார்க்காமல் இல்லை. பார்த்தேன், பார்த்ததை நன்றாக நினைவும் வைத்திருக்கிறேன். ஆனால் நாற்பது ஆண்டுக் காலம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவனுக்கு, வாசிக்கிற மனிதர்களை அன்றாடம் கண்டு பழகியவனுக்கு, பக்கத்தில் விரலை வைத்து மூடிய புத்தகத்தின் பொருள் அந்த நேரத்தில் தோன்றாமல் போனது எப்படி என்பதே விளங்கவில்லை. புத்தகத்தை முற்றிலும் மூடி அப்பால் வைத்திருந்தால் அது ஒரு விடை. திறந்தபடியே வைத்துக் குனிந்திருந்தால் அதுவும் ஒரு விடை. அவள் செய்தது இவ்விரண்டும் அல்ல.

கன்னிப் பெண்ணிடம் அனுமதி கேளாமல் மணம் முடிக்கலாகாது என்று நபிகள் நாயகம் அவர்கள் சொன்னபோது, அவள் நாணத்தால் பேசமாட்டாளே என்று ஆயிஷா நாயகி வினவியதும், அவளது மௌனமே அனுமதி என்று பெருமானார் விடை தந்ததும் புகாரியின் நபிமொழித் தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. முன்பே மணமாகி விதவையானவளோ விலக்குப் பெற்றவளோ ஆனால் மௌனம் போதாது; அவள் வாய்திறந்து சொல்லவேண்டும். உலகத்தைக் கண்டவளுக்கு நாணம் தடையாகாது என்பது அந்தப் பாகுபாட்டின் உட்கருத்து என்றே நான் எண்ணுகிறேன். பேச நாவெழாத ஒரு சிறுபெண்ணை நாலு பேர் நடுவே பேசும்படி வருத்தலாகாது என்ற கருணையில் பிறந்த விதி அது. உடன்பாடில்லாத பெண்ணுக்கு மறுத்துச் சொல்லும் வழி திறந்திருக்கிறது என்ற நம்பிக்கையும் அதன் உள்ளே இருக்கிறது. தன் இஷ்டமின்றித் தந்தை செய்துவைத்த மணத்தைப் பற்றி முறையிட்ட கன்ஸா என்ற பெண்மணியின் திருமணத்தை நாயகம் அவர்கள் ரத்துச் செய்த செய்தியும் அதே தொகுப்பிலேதான் இருக்கிறது. இதை இரண்டாம் சமாசாரமாக எண்ணிவிடக் கூடாது. ஒன்றில்லாமல் மற்றொன்றுக்குப் பொருளில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் வீட்டில் ஹனஃபி மத்ஹபின் சட்ட நூல் ஒன்றின் மொழிபெயர்ப்பைப் புரட்டிக்கொண்டிருந்தபோது படித்த பகுதியொன்று இப்போது மங்கலாக நினைவுக்கு வருகிறது. கேட்டவுடன் பெண் சிரித்தால் அது சம்மதம். ஆனால் ஏளனமாகச் சிரித்தால் அன்று. ஓசையின்றிக் கண்ணீர் விட்டால், பிறந்த வீட்டைப் பிரியும் துக்கம் என்று கொண்டு அதையும் சம்மதத்தில் சேர்க்கலாம்; குரலெழுப்பி அழுதால் மறுப்பு. கடற்கரையில் வாழும் நாங்கள் ஷாஃபி மத்ஹபைச் சேர்ந்தவர்கள். எங்களிடம் கன்னி மகளின் விஷயத்தில் தந்தைக்கு அதிகாரம் கூடுதல். ஆயினும் சிரிப்பையும் அழுகையையும் இவ்வளவு நுட்பமாக வகைபிரித்துப் பார்த்த அந்த முன்னோர்களின் கவனத்தை நினைத்து அன்று வியந்தேன். பெண்ணின் முகத்தையே உற்றுப் பார்த்து எழுதியவர்கள் அவர்கள். அவர்கள் நான் நின்ற இடத்தில் நின்றிருந்தால் அந்த விரலையும் ஒரு வகையில் சேர்த்திருப்பார்களோ?

என் எட்டாவது வயதில் எங்கள் லாத்தாவின், அதாவது அக்காவின், நிக்காஹ் நடந்தது. அவருக்குப் பதினைந்து நிறைந்திருந்தது. பெரியவளானதும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டு மூன்று ஆண்டுகளாக வீட்டுக்குள்ளேயே இருந்தவர். பலசரக்குக் கடையில் மடித்துக் கொடுத்த காகிதத்தைக்கூட நீவி எடுத்துப் படிப்பார். நூல்நிலையத்திலிருந்து நான் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவரும் கதைப் புத்தகங்களை உம்மா தூங்கிய பிறகு முடித்துவிட்டு விடியுமுன் என் தலைமாட்டில் வைத்துவிடுவார். நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்களின் முயற்சியால் 1955-இலேயே சென்னையில் முஸ்லிம் பெண்களும் கூச்சமின்றிப் படிக்க ஒரு கல்லூரி தோன்றிவிட்டது. ஆனால் ஆண்களெல்லாம் கொழும்புக்குப் போய் வந்துகொண்டிருந்த எங்கள் தெருப் பெண்களுக்குச் சென்னை அந்தக் கொழும்பைக் காட்டிலும் தூரம். கீழக்கரையிலேயே தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி 1988-இல் ஏற்பட்டபோது லாத்தாவின் மூத்த மகளுக்கே கல்யாணமாகிவிட்டிருந்தது.

நிக்காஹ் அன்று இரண்டு சாட்சிகளுடன் ஒரு பெரியவர் திரைக்கு அப்பால் வந்து நின்று கேட்டார். திரைக்கு இப்பால், பெண்களின் நடுவே, லாத்தாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். அவர் பேசவில்லை. “சரி, சரி, பிள்ளை வெட்கப்படுது” என்று யாரோ சொன்னார்கள். அப்பால் இருந்தவர்கள் போய்விட்டார்கள்.

என் மருமகளின் விஷயம் நடந்தபிறகு, அறுபது ஆண்டு கழித்து, லாத்தாவிடம் போய் அன்றைய மௌனத்தைப் பற்றிக் கேட்டேன். சம்மதமாக இருந்ததா, பயமாக இருந்ததா, வேறேதேனுமா என்று. அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “என்னையா கேட்டாங்க? உம்மாகிட்டேல்ல கேட்டாங்க” என்றார். தம்மிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது என்பதே அவருக்குத் தெரியாது. நல்ல கணவர், நல்ல மக்கள், மனக்குறை என்று வாய்விட்டு எதையும் சொன்னதில்லை; அவர் வாழ்ந்த வாழ்வை இழிவாகப் பேச எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. எனினும் அந்த விடையைக் கேட்டபின் நான் அன்று இரவு உறங்கவில்லை.

கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறாள் என்கிறோம். அவள் எதைத் தள்ளினாள்? மருத்துவப் படிப்பு ஐந்தரை ஆண்டு. நுழைவுத் தேர்வுக்கு ஒன்றோ இரண்டோ ஆண்டு. மேற்படிப்பு மூன்று ஆண்டு. பதினெட்டில் தொடங்கியவளுக்கு இருபத்தெட்டு ஆவதற்குச் சாதாரணக் கூட்டல் போதும், பிடிவாதம் தேவையில்லை. 2007-இல் தமிழக அரசு முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு அளித்தபோது பள்ளிவாசலில் இனிப்பு வழங்கியவர்களில் நானும் ஒருவன். அந்த ஒதுக்கீட்டில் எங்கள் குடும்பத்துக்கு ஓர் இடம் கிடைத்தபோதும் மகிழ்ந்தோம். கிடைத்த இடத்தில் உட்கார்ந்து படிக்கக் காலம் வேண்டும் என்பதை மட்டும் ஏனோ கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் ஊர் வழக்கப்படி மணமானபின் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழ்வார்; ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வீடு தரவேண்டும். அந்த வீட்டைக் கட்டுவதற்காக வாப்பாவும் அண்ணன்மார்களாகிய காக்காமார்களும் வெளிநாட்டுக்குச் சபர் போகிறார்கள். முன்பு கொழும்பு, இப்போது துபாய். என் மருமகளின் காக்கா 31 வயதில் இன்னும் மணமாகாமல் ஒன்பது ஆண்டாக அங்கே உழைக்கிறான். தங்கைகளை வாழவைத்துவிட்டுத்தான் தன் கல்யாணம் என்று சொல்லியிருக்கிறான். ஊரெல்லாம் அவனைப் புகழ்கிறது. அவனும் தாமதிக்கிறான், அவளும் தாமதிக்கிறாள். ஒன்றைத் தியாகம் என்றும் மற்றதைக் குற்றம் என்றும் ஒரே வாயால் சொல்கிறோமே! அதே சமயம் அவள் ‘பிறகு’ என்று சொன்னால், அந்தப் பிறகின் பாரத்தைச் சுமப்பவர்களில் அவனும் ஒருவன், அவளுக்கு அடுத்தவளும் ஒருத்தி. இதை மறைத்துவிட்டு அவள் பக்கம் மட்டும் பேசினால் நான் நேர்மையானவன் ஆகமாட்டேன்.

என் தங்கையின் பயம் வேறு. இளமையிலேயே வெளிநாடு போய்விடுகிற எங்கள் பையன்களில், இவ்வளவு படித்த பெண்ணுக்கு ஈடாகப் படித்தவன் கிடைப்பது அரிது. வயது ஏற ஏற அதுவும் குறையும். “பிறகு பிறகுன்னு சொல்லி, கடைசியிலே இல்லேன்னு ஆயிடுமே காக்கா” என்று அழுதாள். நான் ஆறுதலாகப் பேச எண்ணி, 1950-இல் வழக்கறிஞர் தேர்வில் முதலிடம் பெற்று, 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாகி, பின்னர் நம் மாநிலத்துக்கே ஆளுநராக வந்த பாத்திமா பீவி அவர்களைச் சொன்னேன். அவர் மணமே செய்துகொள்ளவில்லை என்பது என் தங்கைக்குத் தெரிந்திருந்தது. “அதைத்தானே நானும் சொல்றேன்” என்றாள். நான் ஊக்கமாகக் கண்டதை அவள் எச்சரிக்கையாகக் கண்டாள். இருவரில் யார் தவறு?

பதினோராம் நூற்றாண்டில் மர்வு நகரத்தைப் பூர்விகமாகக் கொண்ட கரீமா என்ற அம்மையார் மக்காவில் இருந்துகொண்டு புகாரியின் தொகுப்பைக் கற்பித்தார்கள். பெரும் அறிஞர்கள் அவரிடம் வந்து பாடம் கேட்டு, தங்கள் பிரதிகளைச் சரிபார்த்துச் சென்றார்கள். அவர் கடைசி வரையில் மணம் செய்துகொள்ளவில்லை. மௌனமே அனுமதி என்ற அந்த வாசகம் அடங்கிய நூலை, யாருக்கும் அந்த மௌனத்தை அளிக்காத ஒரு பெண்மணி எத்தனை முறை வாசித்துக் காட்டியிருப்பார் என்று நினைக்கும்போது உள்ளம் நெகிழ்கிறது. அந்தப் பக்கத்தில் அவர் சற்று நின்றிருப்பாரா?

ஆனால் என் மருமகள் கரீமா அம்மையார் அல்லள். அவள் மணம் வேண்டாம் என்று ஒருபோதும் சொன்னதில்லை. சம்மதத்துக்கும் மறுப்புக்கும் நம் சபைகளில் இடம் உண்டு. ‘இப்போது அல்ல’ என்பதற்கு இடம் இல்லை. அதைச் சொல்ல அவளுக்கு ஒரு வார்த்தை அகப்படாமல்தான் விரலைப் பக்கத்தில் வைத்திருந்தாளோ என்று சில நாட்கள் தோன்றுகிறது. இல்லை, பாடத்தின் நடுவில் புகுந்து கேட்ட எவருக்கும் இயல்பாகச் செய்வதையே செய்தாள், பொருளெல்லாம் நான் ஏற்றியது என்று வேறு சில நாட்கள் தோன்றுகிறது. அவளிடமே கேட்டுவிடலாம். கேட்கும் துணிவு இன்னும் வரவில்லை. மறுபடியும் அவள் பேசாதிருந்தால் அதை என்னவென்று கொள்வது?

அன்று கூடத்தில் நான் சொன்னது பிழை. இன்னும் பொறுத்திருந்து கேட்டிருக்கவேண்டும் என்பது தெரிகிறது. எவ்வளவு நேரம் என்பதுதான் தெரியவில்லை. அவளுக்கு இறுதித் தேர்வு வருகிற மாதம்.