கடன் யாருடையது, கட்டியது யார்?

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு மாணவர் விடுதியில் 'அபோகலிப்டோ' படம் போட்டார்கள். மெல் கிப்சன் 2006இல் எடுத்த படம். மாயா இனத்துக் காட்டுவாசி ஒருவனைப் பிடித்துக்கொண்டு போய், நகரத்துக் கோயில் உச்சியில் படுக்கவைத்து நெஞ்சைப் பிளக்கப் பார்க்கிறார்கள். அவன் தப்பித்து ஓடுகிறான். ஓடி ஓடிக் கடற்கரைக்கு வந்தால், எதிரே சிலுவையோடு ஸ்பானியர்கள் படகில் வந்துகொண்டிருக்கிறார்கள். விளக்கைப் போட்டதும் ஒரு தம்பி சொன்னான்: "கப்பலப் பாத்ததும் அப்பாடான்னு இருந்திச்சுண்ணே. அவன் வரலேன்னா இன்னும் அறுத்துக்கிட்டேதான இருந்திருப்பானுங்க?" பக்கத்தில் இருந்த தோழர் ஒருவர் பாய்ந்துவிட்டார்: "நரபலிங்கிறதே வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை. நாட்டைப் புடுங்கணும்னா முதல்ல அந்த ஜனங்களைக் காட்டுமிராண்டின்னு சொல்லணும்ல?"

ரெண்டு பேருக்கும் நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதுதான் நிஜம்.

இரண்டு பேச்சும் எனக்குப் புதுசில்லை. வெள்ளைக்காரன் வராவிட்டால் நமக்குப் பள்ளிக்கூடம் ஏது, பட்டாளத்தில் இடம் ஏது என்று எங்கள் தெருப் பெரியவர்கள் பேசக் கேட்டு வளர்ந்தவன் நான். சாதியே வெள்ளைக்காரன் எடுத்த சென்சஸில் பிறந்ததுதான் என்று மேடையில் முழங்குகிற அறிஞர்களையும் கேட்டிருக்கிறேன். ஆக, மெக்சிகோவைப் பற்றி அவர்கள் போட்ட சண்டை பாதி நம்ம சண்டை. அதனாலேயே அதை மெக்சிகோவில் வைத்தே யோசித்துப் பார்க்க ஆசைப்படுகிறேன். அங்கே நமக்குச் சொந்தபந்தம் யாரும் இல்லை. யாருடைய மானத்தையும் காப்பாற்ற வேண்டிய அவசியமும் இல்லை.

நரபலி நடந்ததா? நடந்தது. 2015இல் மெக்சிகோ நகரத்தில் பெரிய தேவாலயத்துக்குப் பின்னால், குவாதமாலா தெருவில் தோண்டியபோது, மனித மண்டையோடுகளைச் சுண்ணாம்புக் காரை பூசி வட்டமாக அடுக்கிக் கட்டிய கோபுரம் வெளிப்பட்டது. 2020 கடைசிக்குள் சுமார் 600 மண்டையோடுகளை எண்ணிவிட்டார்கள். கோர்டெஸோடு வந்த சிப்பாய்கள் இப்படியொரு கோபுரத்தைப் பார்த்ததாக எழுதிவைத்திருந்தார்கள். அதெல்லாம் புளுகு என்று பலரும் ஒதுக்கிவிட்டிருந்தார்கள். இப்போது கோபுரமே எழுந்து வந்து சாட்சி சொல்கிறது. அதில் ஆண்களின் தலைகளோடு பெண்களின் தலைகளும் சின்னப் பிள்ளைகளின் தலைகளும் இருக்கின்றன.

இதற்காக ஸ்பானியப் பாதிரிகள் எழுதிய கணக்கையெல்லாம் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. 1487இல் அஸ்டெக் அரசன் அவிட்சோட்ல் பெருங்கோயிலைப் புதுப்பித்துக் குடமுழுக்கு மாதிரி ஒன்று நடத்தினான். நான்கு நாளில் 80,400 பேரைப் பலி கொடுத்ததாகத் துரான் பாதிரியார் எழுதுகிறார். ராத்திரி பகல் பார்க்காமல் அறுத்தாலும் நிமிஷத்துக்குப் பதினாலு பேர் ஆகிறது. நடக்கிற காரியமா? ஆனால் கணக்கு பொய் என்று நிரூபித்துவிட்டால் குற்றமும் பொய்யாகிவிடும் என்று நினைப்பது வக்கீல் புத்தி. பொய்க் கணக்கைக் கழித்த பிறகும் 600 தலைகள் அங்கே உட்கார்ந்திருக்கின்றன.

அஸ்டெக்குகள் பலியைக் குறிக்கிற சொல் 'நெஸ்ட்லவாலி'. கடன் தீர்த்தல் என்று பொருள். சூரியனையும் மழையையும் மக்காச்சோளத்தையும் தேவர்கள் தம் உடம்பைக் கொடுத்து உண்டாக்கினார்கள், அந்தக் கடனை மனுஷன் ரத்தத்தால் கட்ட வேண்டும் என்பது நம்பிக்கை. இதற்கு ஒரு கதை உண்டு. உலகம் இருட்டிக் கிடந்தபோது டெயோட்டிவாகானில் தேவர்கள் கூடி, யார் நெருப்பில் குதித்துச் சூரியன் ஆவது என்று பேசினார்கள். பணக்கார தேவன் டெக்சிஸ்டெகாட்ல் நான் குதிக்கிறேன் என்று முன்வந்தான். இன்னொரு ஆள் வேண்டுமே என்றதும் எல்லோரும் நனவாட்சினைக் கை காட்டினார்கள். உடம்பெல்லாம் புண், கையில் ஒன்றுமில்லாத ஏழைச் சாமி. பணக்காரன் நான்கு தடவை நெருப்பு வரை போய்ப் பயந்து திரும்பினான். புண்ணுக்காரன் கண்ணை மூடிக்கொண்டு குதித்தான். அவன்தான் சூரியன்.

எவ்வளவு அழகான கதை! தாழ்ந்தவனைச் சூரியனாக்கிய கதை என்று நம்மவர்களே கொண்டாடலாம். நான் படித்தபோது என் கண்ணில் பட்டது வேறு. கூட்டத்தில் அத்தனை பேர் இருக்க, கை காட்டப்பட்டவன் புண்ணுக்காரன்தான்.

நிஜத்திலும் அப்படியா? ஓரளவு அப்படித்தான். சஹாகுன் என்ற பாதிரியார் 1550களின் இறுதியில் தொடங்கிப் பல வருஷம் நவா மக்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிய தொகுப்பில் அஸ்கபொட்சால்கோ அடிமைச் சந்தை வருகிறது. வியாபாரிகள் திருவிழாவில் பலி கொடுக்க அங்கே ஆள் வாங்குவார்கள். அடிமையை ஆடவைத்துப் பார்ப்பார்கள். சுமாராக ஆடினால் 30 பருத்தித் துணி, நன்றாக ஆடினால் 40. பணத்துக்குப் பதில் துணிதான் அங்கே புழங்கியது. சாதாரண ஆள் ஒருவன் ஒரு வருஷம் சாப்பிட 20 துணி போதும் என்பது கணக்கு. வாங்கி வந்து, குளிப்பாட்டி, அலங்கரித்து, விருந்து வைத்துக் கோயிலேற்றுவார்கள். வாங்கியவனுக்கு வியாபாரிகள் மத்தியில் அந்தஸ்து ஏறும். கடன் இவன் சாமிக்குப் பட்டது. கட்டியது அவன் உடம்பு. பெருமை இவனுக்கு.

மழைத் தெய்வம் ட்லாலோக்குக்குக் குழந்தைகள். தாய்மாரிடம் விலைக்கு வாங்குவார்கள், தலையில் இரட்டைச் சுழி உள்ள பிள்ளையாகப் பார்த்து. பல்லக்கில் தூக்கிப் போகும்போது பிள்ளை அழுதால் நல்லது, மழை வரும். டெனோச்டிட்லான் பெருங்கோயிலில் ட்லாலோக் பக்கத்தில் 42 பிள்ளைகளின் எலும்பு ஒரே இடத்தில் கிடைத்தது. 1450களின் பெரும் பஞ்சத்தோடு இதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். பல பிள்ளைகளின் எலும்பில் ரத்தசோகை அடையாளம், பல்லில் சொத்தை. எல்லாப் பிள்ளையும் ஏழைப் பிள்ளை என்று சொல்லமாட்டேன். சில சடங்குக்கு அடிமைப் பிள்ளை ஆகாது, பிரபுக்களின் பிள்ளைதான் வேண்டும் என்று மொடோலினியா பாதிரியார் எழுதுகிறார். போர்க்களத்தில் பிடிபட்ட வீரர்கள் தங்கள் சாவைக் கௌரவமாக நினைத்திருக்கவும் கூடும். ஆனால் 'கௌரவமாக நினைத்தார்கள்' என்று நமக்குச் சொல்வது யார்? சஹாகுனுக்குத் தகவல் கொடுத்தவர்கள் பெரும்பாலும் மேட்டுக்குடிப் பெரியவர்கள், கோயிலுக்கு வெளியே நின்று பார்த்தவர்கள். கல்லில் படுத்தவன் யாரும் பேட்டி கொடுக்கவில்லை.

சரி, தம்பியின் 'அப்பாடா'வுக்கு வருவோம்.

கோர்டெஸின் படையில் இருந்த பெர்னால் தியாஸ் கிழவனான பிறகு எழுதிய நூலில் ஒரு காட்சி. 1519, ட்லாஸ்கலா நகரம். மரக்கட்டைகளால் செய்த கூண்டுகள். உள்ளே ஆணும் பெண்ணும், பலிக்காகத் தீனி போட்டு வளர்க்கப்படுகிறார்கள். ஸ்பானியர்கள் கூண்டை உடைத்து விட்டார்கள். வெளியே வந்தவர்கள் எங்கேயும் போகத் துணியாமல் சிப்பாய்களை ஒட்டியே நின்றார்கள். இதைப் படித்தபோது தம்பி மேல் எனக்கிருந்த கோபம் போய்விட்டது. கூண்டில் இருந்தவனுக்குக் கதவை உடைப்பவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தால் என்ன?

அதே நூலில் அடுத்த வருஷம், 1520. டெபெயாகாவில் போர் செய்து பிடித்த ஜனங்களின் முகத்தில் அதே படை இரும்பைக் காய்ச்சி ஓர் எழுத்தைச் சுட்டது. 'போர்' என்கிற ஸ்பானியச் சொல்லின் முதல் எழுத்து. சூடு போட்டு அடிமையாகப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். கூண்டு உடைந்ததற்கும் சூடு போட்டதற்கும் நடுவில் சுமார் ஒரு வருஷம்தான்.

இதற்குப் பிறகு நியாயம் பேச ஸ்பெயினிலேயே ஒரு சபை கூடியது. 1550-51இல் வல்லாடோலிட் நகரத்தில் செபுல்வேதா ஒரு பக்கம், லாஸ் காசாஸ் மறுபக்கம். அப்பாவிகளைப் பலியிலிருந்து மீட்கப் போர் செய்வது தர்மம் என்றார் செபுல்வேதா. பலிகளை மீட்கிறோம் என்று தொடங்குகிற போர் பலிகளைவிட அதிகம் பேரைக் கொல்கிறது, ஸ்பானியர்கள் பேராசை என்கிற தங்கள் தேவிக்கு வருஷத்துக்கு வருஷம் அதைவிட அதிகமாகப் பலி கொடுக்கிறார்கள் என்றார் லாஸ் காசாஸ். சரியான அடி. ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார்: இருப்பதில் உயர்ந்ததைக் கடவுளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது இயற்கை அறிவு, உயிர்தான் உயர்ந்தது, ஆகவே பலி கொடுத்தவர்கள் பக்தியில் குறைந்தவர்கள் இல்லை. லாஸ் காசாஸை மதிக்கிறவன்தான் நான். ஆனாலும் இந்த இடத்தில் அவரோடு போகமுடியவில்லை. இருப்பதில் உயர்ந்ததைக் கொடுப்பது பக்தி என்றால் தன்னுடையதை அல்லவா கொடுக்க வேண்டும்? 40 துணிக்கு வாங்கியதைக் கொடுப்பதற்குப் பெயர் பக்தியா? (இந்தியர்களின் பாரம் குறையட்டும் என்று அடிமைகளை இறக்குமதி செய்யச் சொல்லி 1516இல் எழுதிக்கொடுத்தவரும் இவர்தான். பின்னாளில், ஆப்பிரிக்கர்களுக்குச் செய்த அநியாயத்தை நினைத்து வருந்தினார்.) செபுல்வேதாவுக்குப் போருக்குச் சாக்காகப் பலியானவன் தேவைப்பட்டான். லாஸ் காசாஸ் ஒரு நாகரிகத்தைக் காப்பாற்ற அவனைக் கடந்துபோனார்.

பலியை நிறுத்த வந்தவர்கள் நிறுத்திய விதத்தையும் பார்க்க வேண்டும். 1539இல் டெஸ்கோகோவின் தலைவர் கார்லோஸ் ஒமெடோச்சினைத் திருச்சபை விசாரித்துத் தீயில் இட்டது. 1562இல் யுகடானில், மானி என்ற ஊரில், தியேகோ தெ லாண்டா என்ற பாதிரியார் மாயா ஜனங்கள் ரகசியமாகச் சிலை வணங்குகிறார்கள், பலி கொடுக்கிறார்கள் என்று விசாரணை தொடங்கினார். மணிக்கட்டில் கயிறு கட்டித் தொங்கவிட்டு விசாரணை. மூன்று மாதத்தில் 4,500 பேருக்கு மேல் சித்திரவதை, 158 பேர் சாவு. மாயா ஏடுகளை நெருப்பில் போட்டார். ஸ்பெயினுக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள், குற்றமில்லை என்று விட்டார்கள், யுகடானுக்கே பிஷப்பாகத் திரும்பி வந்தார். சாமிக்குக் கொல்வது தப்பு என்று சொல்லிச் சாமிக்காகவே கொன்ற கதை இது. ஏடு எரித்ததில் அவர் முதல் ஆளும் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்பே அஸ்டெக் அரசன் இட்ஸ்கோவாட்ல், சாமானிய ஜனங்களுக்கு இதெல்லாம் தெரியவேண்டியதில்லை என்று பழைய வரலாற்று ஏடுகளை எரித்திருக்கிறான்.

நமக்கு நெருக்கமான கேள்வி ட்லாஸ்கலா. டெனோச்டிட்லான் 1521 ஆகஸ்ட் 13இல் விழுந்தது. விழவைத்தது சில நூறு ஸ்பானியர்கள் மட்டும் இல்லை. ட்லாஸ்கலாவும் மற்ற ஊர்களும் அனுப்பிய ஆயிரம் ஆயிரம் வீரர்களும் ஊருக்குள் புகுந்த பெரியம்மையும்தான். அஸ்டெக்குகள் ட்லாஸ்கலாவைச் சுற்றிவளைத்து உப்பும் பருத்தியும் போகவிடாமல் வைத்திருந்தார்கள். பலிக்கு ஆள் பிடிக்கவே அவர்களோடு 'பூப்போர்' என்று பெயர் வைத்துப் போர் நடத்தினார்கள். உப்பில்லாத சோறு தின்றவன் எதிரியின் எதிரியோடு சேர்ந்தான். இன்று மெக்சிகோவில் துரோகி என்றால் ட்லாஸ்கலா பெயர் வருகிறது. 1818 ஜனவரி 1இல் கோரேகாவில் பேஷ்வா படைக்கு எதிராகக் கம்பெனிப் படையில் நின்ற மகர்களைப் பற்றி இங்கே என்ன பேசுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நாட்டில் பங்கு கொடுக்காமல் நாட்டுப்பற்று மட்டும் கேட்கிறார்கள்.

இதோடு நிறுத்தினால் நமக்கு வசதி. ஆனால் அந்த மரக்கூண்டுகள் இருந்தது எங்கே? ட்லாஸ்கலாவில். அடிபட்ட ஊருக்குள்ளும் கூண்டு இருந்தது. கூட்டணி பேசியவர்கள் ட்லாஸ்கலாவின் பிரபுக்கள். 1550களில் ஸ்பானிய அரசரிடம் சலுகை கேட்க, தங்கள் உதவியைப் பெரிய துணியில் படமாக வரைந்துவைத்தவர்களும் அவர்கள்தான். 1591இல் வடக்கே குடியேற்ற 400 ட்லாஸ்கலா குடும்பங்களை அனுப்பினார்கள். கூண்டில் இருந்தவர்களுக்கு அந்தப் பேரத்தில் என்ன கிடைத்தது? ஒடுக்கப்பட்ட ஊர் வேறு, அந்த ஊரில் ஒடுக்கப்பட்டவன் வேறு. இதைச் சொன்னால் ஒற்றுமையைக் கெடுப்பதாகத் தோழர்கள் கோபப்படுவார்கள். படட்டும்.

மலின்ட்சினையும் துரோகி என்பார்கள். நவா மொழி பேசிய பெண். சொந்த ஜனங்களே கைமாற்றி மாயாக்களிடம் போனாள். 1519இல் தபாஸ்கோவில் தோற்ற தலைவர்கள் கோர்டெஸுக்குக் கோழியும் தங்கமும் கொடுத்தபோது கூடக் கொடுத்த 20 பெண்களில் ஒருத்தி. அவளுக்கு ரெண்டு மொழி தெரியும் என்பது பிறகுதான் தெரிந்தது. கோர்டெஸின் வாய் ஆனாள், அவனுக்குப் பிள்ளையும் பெற்றாள். அந்நிய மோகம் பிடித்தவனை மெக்சிகோவில் இன்றும் 'மலின்ச்சிஸ்டா' என்று திட்டுகிறார்கள். யாருக்குத் துரோகம் செய்தாள்? விற்றவனுக்கா, வாங்கியவனுக்கா, கோழியோடு சேர்த்துக் கொடுத்தவனுக்கா?

கடைசியாக 2024இல் வெளிவந்த ஒரு ஆய்வு. சிச்சென் இட்ஸாவின் புனிதக் கிணற்றுக்குப் பக்கத்தில், 1967இல், ஒரு நிலத்தடித் தொட்டியில் நூறு பிள்ளைகளுக்கு மேல் எலும்பாகக் கிடைத்தார்கள். கன்னிப் பெண்களைப் பலி கொடுத்த ஊர் என்றே அதைப் பற்றிக் கதை சொல்லிவந்தார்கள். 64 பேரின் மரபணுவைப் பார்த்ததில் அத்தனை பேரும் பையன்கள். பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு வயது. இரண்டு ஜோடி இரட்டையர்கள். கால்வாசிப் பேருக்கு அதே தொட்டியில் நெருங்கிய ரத்த சொந்தம் கிடந்தது. பக்கத்தில் டிஷ்காகல்டுயூப் என்ற ஊரில் இன்று வாழ்கிற மாயா ஜனங்கள் அந்தப் பிள்ளைகளின் ஜனங்களுடைய வழி வந்தவர்கள் என்றும் தெரிந்தது. ஒரு வித்தியாசம் இருந்தது. 1545இல் மெக்சிகோவை வாரிக்கொண்டு போன கொள்ளைநோயோடு தொடர்புடைய சால்மொனெல்லா கிருமியை எதிர்க்க உதவும் மரபணு இன்றைய ஜனங்களிடம் அதிகம், தொட்டியில் கிடந்த பிள்ளைகளிடம் குறைவு. அது இல்லாதவர்கள் அதிகம் பேர் செத்திருக்க வேண்டும், தாங்கியவர்களின் வழிவந்தவர்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

இதையெல்லாம் அந்தத் தம்பிக்குப் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் கேட்டான்: "அந்தக் கூண்டுல இருந்தவங்க கடைசில என்ன ஆனாங்கண்ணே?"

சிப்பாய்களை ஒட்டி நின்றார்கள் என்பது வரைக்கும்தான் பெர்னால் தியாஸ் எழுதியிருக்கிறார் என்று சொன்னேன்.