நல்ல கைப்பேசி எது?

பொன்னுக்கு உரைகல் உண்டு. அரிசிக்குப் படி உண்டு. துணிக்கு முழக்கோல் உண்டு. சரக்கு எதுவானாலும் அதை அளந்து பார்க்க மனிதன் ஒரு வழி கண்டு வைத்திருக்கிறான். நாம் கடையில் வைத்திருக்கும் தராசைக்கூட ஆண்டுதோறும் சரிபார்த்து முத்திரை வாங்கியாக வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். ஆனால் அதே கடையில், அதே தராசுக்குப் பக்கத்தில் கிடக்கும் கைப்பேசியை எதைக்கொண்டு அளப்பது? விலையைக் கொண்டா? கம்பெனியின் பெயரைக் கொண்டா? எதிர்க்கடைக்காரர் கையில் இருப்பது எது என்பதைக் கொண்டா?

'சாமான் வாங்குவதில் தத்துவம் என்ன வேண்டிக் கிடக்கிறது?' என்று சிலர் கேட்கக்கூடும். நம் எண்ணம் வேறு. ஒரு பொருளை நல்லது என்று ஒருவர் சொன்னால், அவருக்கு எது அவசியம், எவ்வளவு போதும், எதற்கு அவர் மயங்குவார் என்ற மூன்றும் அந்த ஒரு சொல்லில் வெளிப்பட்டுவிடுகின்றன. ஆகையால் நல்ல கைப்பேசி எது என்ற கேள்வி, போதும் என்பதன் அளவு எது என்ற பழைய கேள்வியின் புதிய உருவமே ஆகும். விலையுயர்ந்ததும் அல்லாமல் மலிவானதும் அல்லாமல், ஆயிரம் வெள்ளியை ஒட்டி விற்கும் நடுத்தரக் கைப்பேசியை முன்னால் வைத்துக்கொண்டு இதை ஆராய்வோம்.

அவசியம் வந்த விதம்

ஒரு காலத்தில் கைப்பேசி வசதியுள்ளவரின் அலங்காரமாக இருந்தது. இன்று அது கடைக்காரரின் கல்லாப்பெட்டி. 2020 முதல் 2022 வரை பெருநோய்க் காலத்தில், மைசெஜாத்ரா செயலியில் பதிந்துவிட்டுக் கடைக்குள் நுழைந்ததை நாம் மறந்துவிடவில்லை. 2019-இல் தொடங்கிய டுயிட்நவ் கியூஆர் சதுரம் இன்று பாசார் தெருவில் பூக்கடையிலும் தொங்குகிறது. பினாங்கு தெருவில் புடவைக் கடையிலும் தொங்குகிறது. 2021 முடிவில் இந்நாட்டில் மூன்றாம் தலைமுறை அலைவரிசை நிறுத்தப்பட்டபோது, அதை நம்பியிருந்த பழைய கருவிகளின் பயன் அத்துடன் பெரிதும் குறைந்தது.

ஆகவே, 'இதெல்லாம் நமக்கு எதற்கு?' என்று ஒதுங்கி நிற்கும் காலம் போய்விட்டது. வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வி முடிந்தது. எப்படிப்பட்டது வேண்டும் என்ற கேள்வியே மிஞ்சி நிற்கிறது.

கடையே பரீட்சைக்கூடம்

மத்ரஸாவும் ஆரம்பப் பள்ளியுமே நமது படிப்பு. கைப்பேசிக்குள் இருக்கும் சில்லு எப்படி வேலை செய்கிறது என்பது நமக்குத் தெரியாது. ஆனால் அது நம் கடையில் எப்படி வேலை செய்ய வேண்டும் என்பது, அதைச் செய்தவருக்குத் தெரிந்ததைவிட நமக்கு நன்றாகத் தெரியும்.

நண்பகல் வெயிலில் ஐந்தடி நடைபாதைக்கு வந்து நின்று பார்க்க வேண்டும். திரையில் எழுத்து தெரிகிறதா? தெரியாவிட்டால் கண்ணாடிப் பேழைக்குள் அது எவ்வளவு பளபளத்தாலும் பயனில்லை. நமது தெருவில் பாட்டுக்கடை ஒலிபெருக்கிகள் ஓய்வதில்லை; அந்தச் சத்தத்தில் பேசுபவர் குரல் காதில் விழுகிறதா? சுபுஹுக்கு எழுந்தது முதல் இரவு கடை அடைக்கும் வரை மின்கலம் தாங்குகிறதா? மஞ்சள் தூளும் எண்ணெயும் பட்ட விரலை அது அடையாளம் கண்டுகொள்கிறதா? கடையநல்லூரிலும் இராமநாதபுரத்திலும் இருக்கும் வீட்டாருடன் முகம் பார்த்துப் பேசும்போது படம் உறையாமல் இருக்கிறதா? வயதான தாயார் படிக்கும் அளவுக்குத் தமிழ் எழுத்தைப் பெரிதாக்க முடிகிறதா?

இவை சிறிய கேள்விகள்தாம். ஆயினும் இவற்றில் ஒன்றுக்கும் விளம்பரத் தாளில் விடை கிடையாது. அதே மாதிரியை வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு மணி நேரம் இரவல் வாங்கிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

இவற்றுள் ஒரு பரீட்சை வெறும் வசதியைப் பற்றியதன்று. அது ஒழுக்கத்தைத் தொடுவது. வாடிக்கையாளர் பணம் அனுப்பிவிட்டேன் என்று தம் திரையைக் காட்டுகிறார். போலிப் படம் காட்டி ஏமாற்றுவோரும் இருப்பதால், பணம் வந்ததா என்று நம் கருவியில் பார்த்துத்தான் அவரை அனுப்ப வேண்டியிருக்கிறது. நம் கருவி மந்தமாக இருந்தால் என்ன நேர்கிறது? உண்மையாகவே பணம் செலுத்திய மனிதர், வரிசையில் நாலு பேர் பார்க்க, திருடனைப்போல் நிற்கிறார். தராசு கோணலாக இருந்தால் அவருடைய பணத்துக்கு அநியாயம். கருவி மந்தமாக இருந்தால் அவருடைய மானத்துக்கு அநியாயம். எனவே மிகவும் மட்டமான கருவியை வைத்துக்கொண்டு அதைச் சிக்கனம் என்று சொல்லிக்கொள்வது எப்போதும் சரியாகாது. சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அடுத்தவர் தலையில் சுமை ஏறும் இடமே அந்த எல்லை.

எண்கள் பேசும் பேச்சு

பெட்டியின்மேல் எண்கள் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கின்றன. ஐம்பது மெகாபிக்சல், நூற்றெட்டு மெகாபிக்சல் என்கிறார்கள். உண்மை என்னவென்றால், ஐம்பது மெகாபிக்சல் கேமரா சாதாரணமாகப் படம் பிடிக்கும்போது நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து ஏறத்தாழ பன்னிரண்டரை மெகாபிக்சல் படமாகவே தருகிறது. நூற்றெட்டு என்பது ஒன்பதை ஒன்றாக்கிப் பன்னிரண்டு தருகிறது. அதில் குற்றம் இல்லை. படம் தெளிவாக வருவதற்கான முறைதான் அது. ஆனால் எண் இரண்டு மடங்கானால் படமும் இரண்டு மடங்கு அழகாகும் என்று நம்புகிறவர் ஏமாந்துபோகிறார். பின்பக்கம் மூன்று கண்கள் இருக்கும். அவற்றில் ஒன்று வெறும் இரண்டு மெகாபிக்சலாக, எண்ணிக்கைக்காக வைத்ததாக இருக்கும். மூட்டையின் வாயில் நல்ல பருப்பும் அடியில் சொத்தைப் பருப்பும் வைத்துக் கட்டுவதை நாம் அறிவோம் அல்லவா?

சில எண்களோ உண்மையிலேயே பயன்படுபவை. 5000 மில்லி ஆம்பியர் மணி மின்கலம் சாதாரண உபயோகத்தில் ஒரு நாளைத் தாண்டும். ஐபி67 என்ற குறி இருந்தால், ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்குமாறு சோதிக்கப்பட்டது என்று பொருள். ஐபி54 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்குவதோடு சரி. மீன் கடைக்காரருக்கு முதலாவது அவசியம். புத்தகக் கடைக்காரருக்கு இரண்டாவது போதும். ஒரே எண் ஒருவருக்குத் தேவையாகவும் மற்றவருக்கு வீணாகவும் இருப்பதைக் கவனியுங்கள். நன்மை என்பது பொருளில் மட்டும் குடியிருப்பதில்லை. பொருளும் அதன் வேலையும் பொருந்தும் இடத்தில் இருக்கிறது.

விலை வேறு, செலவு வேறு

நாம் வியாபாரிகள், கணக்கில் பேசுவோம். உதாரணத்துக்கு மூன்று கைப்பேசிகளை எடுத்துக்கொள்வோம். ஐந்நூறு வெள்ளிக்கு வாங்கியது ஒன்றரை ஆண்டு உழைத்தால் மாதம் ஏறக்குறைய இருபத்தெட்டு வெள்ளி. ஆயிரத்திருநூறு வெள்ளிக்கு வாங்கியது நான்கு ஆண்டு உழைத்தால் மாதம் இருபத்தைந்து வெள்ளி. ஆறாயிரம் வெள்ளிக்கு வாங்கியது ஐந்து ஆண்டு உழைத்தால் மாதம் நூறு வெள்ளி. மலிவு மலிவாக இல்லை. உயர்வு நாலு மடங்கு கேட்கிறது. நடுவில் உள்ளதே கணக்கில் வெல்கிறது. அதுவும் நான்கு ஆண்டு உழைத்தால்தான்.

அந்த உழைப்பை எதிலிருந்து அறிவது? மென்பொருள் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு வரும் என்பதிலிருந்து முதலில் அறியலாம். புதுப்பிப்பு நின்றால் கருவி உடனே சாவதில்லை. ஆனால் அதன் பாதுகாப்பு தளர்கிறது, நாளடைவில் வங்கிச் செயலிகள் அதில் இயங்க மறுக்கின்றன. சாம்சுங் நிறுவனம் 2025-இல் வெளியிட்ட கேலக்ஸி ஏ56 என்ற நடுத்தர மாதிரிக்கு ஆறு ஆண்டு தருவதாக வாக்களித்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் அமலுக்கு வந்த விதிகளின்படி, அங்கே விற்கும் கைப்பேசியின் மின்கலம் எண்ணூறு முறை மின்னேற்றிய பின்னும் நூற்றுக்கு எண்பது பங்கு சக்தியை வைத்திருக்க வேண்டும். விற்பனை நின்ற பிறகும் ஐந்து ஆண்டு மென்பொருளும் ஏழு ஆண்டு உதிரிப்பாகமும் கிடைக்க வேண்டும். அந்தச் சட்டம் நமக்கு இல்லாவிட்டாலும் அந்தக் கேள்விகளை நாம் கேட்கலாம். வாய் நம்முடையதுதானே!

இந்தக் கணக்கில் பணமல்லாத இன்னொரு பத்தியும் உண்டு. 1972-இல் பாயான் லெப்பாஸில் ஆலைகள் எழுந்த காலம் முதல், சில்லுகள் நம் தீவின் பெண்களின் கைவழியே உலகெங்கும் போகின்றன. மின்கலத்துக்கு வேண்டிய கோபால்ட்டின் பெரும்பகுதி காங்கோ நாட்டு மண்ணிலிருந்து வருகிறது. அதில் ஒரு பங்கை ஏழைகள் வெறுங்கையால் தோண்டுகிறார்கள். இத்தனை பேர் உழைப்பை ஒன்றரை ஆண்டில் குப்பையில் எறிவது, ஒரு கவளம் சோற்றை எறிவதைவிடச் சிறிய விஷயமா?

'என் பணம், என் விருப்பம்'

'ஹலாலாகச் சம்பாதித்த பணம். விலையுயர்ந்ததை வாங்கினால் யாருக்கு என்ன?' என்ற ஆட்சேபம் எழலாம். நியாயமான ஆட்சேபமே. நல்ல பொருளை அனுபவிப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. வீண்விரயத்தையும் பெருமையையுமே தடுக்கிறது. கல்யாணப் படம் பிடிப்பவருக்கு உயர்ந்த கேமரா தொழிற்கருவி, அவர் வாங்கட்டும். ஆனால் ஒரே பொருளை ஒருவர் வேலைக்காகவும் மற்றொருவர் மேசைமேல் கவிழ்த்து வைத்து முத்திரையைக் காட்டுவதற்காகவும் வாங்குகிறார். ரசீதில் இரண்டும் ஒன்றே, நிய்யத்தில் ஒன்றல்ல. அதை வெளியிலிருந்து எவரும் தீர்ப்பளிக்க முடியாது. அவரவர் தனியே கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி உண்டு: இதை ஒருவரும் பார்க்கப் போவதில்லை என்றால் அப்போதும் இதையே வாங்குவேனா?

நமது மனத்தை உறுத்துவது முதலாளிகளைப் பற்றிய விஷயமன்று. கடையில் நிற்கும் இளைஞர்கள்! இந்நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 முதல் 1,700 வெள்ளி. ஐயாயிரம் வெள்ளிக்கு மேல் விலையுள்ள கைப்பேசியைத் தவணையில் எடுக்கும் தம்பி, மூன்று மாத உழைப்பைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கிறார். ஊரில் தங்கையின் படிப்புக்குப் போக வேண்டிய பணம் தவணைக்குப் போகிறது. அவரைக் கண்டிப்பது சுலபம். ஆனால் மனிதரைக் கைப்பேசியால் மதிக்கும் பழக்கத்தை அவர் யாரிடம் கற்றார்? முதலாளிமார் கூடும் இடத்தில், பழைய கருவியை எடுப்பவரைப் பார்த்து, 'என்ன பாய், இன்னுமா இதை வைத்திருக்கிறீர்கள்?' என்று சிரிக்கிறார்களே, அந்தச் சிரிப்பிலேதான் கற்றார். சிரிப்பை நிறுத்தினால் பாதித் தவணை நின்றுவிடும்.

விற்பவர் கடமை

நம்மவரில் கைப்பேசி விற்பவர்களும் உண்டு. சரக்கில் உள்ள ஐபை மறைக்காமல் சொல்லி விற்க வேண்டும் என்பதும், மறைந்திருந்த ஐபு வெளிப்பட்டால் வாங்கியவர் திருப்பித்தர உரிமை உண்டு என்பதும் ஹனபி, ஷாபிஈ ஆகிய இரு மத்ஹபுகளிலும் உள்ள சட்டம். இந்நாட்டின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. கைப்பேசியில் ஐபு எது? திரை கீறியிருப்பது மட்டுமன்று. புதுப்பிப்பு ஓராண்டில் நிற்கும் என்று தெரிந்தும் சொல்லாதிருப்பது ஐபு. சிரிம் முத்திரை இல்லாததையும், நாட்டு முகவரின் உத்தரவாதம் இல்லாத 'ஏபி செட்' சரக்கையும் வேறுபாடு சொல்லாமல் ஒரே வாயால் விற்பது ஐபு. அறுநூறு வெள்ளிச் சரக்கு போதுமான கிழவருக்கு இரண்டாயிரத்தைத் தலையில் கட்டுவதை எந்தச் சட்டமும் ஐபு என்று எழுதவில்லை. ஆயினும் அது எந்தப் பேரேட்டில் பதிவாகும் என்பது நமக்குத் தெரியும்.

1969-இல் தோன்றிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தை நெடுங்காலம் தலைமையேற்று நடத்தி 2019-இல் காலமான எஸ். எம். முகம்மது இத்ரீஸ் அவர்கள் ஒரு தமிழ் முஸ்லிம். அதோடு ஒரு வணிகர். வாங்குபவர்கள் விழித்திருக்க வேண்டும் என்று விற்பவர் இனத்திலிருந்து ஒருவர் எழுந்து சொன்னார். கேள்வி கேட்கும் வாடிக்கையாளர் நமக்குப் பகைவர் அல்லர். நம் தராசின் முத்திரை அவர்.

ஆகவே சகோதரர்களே, நடுத்தரம் என்பதைக் குறைவு என்று எண்ண வேண்டாம். வேலைக்குப் பொருந்துவதும், நெடுநாள் உழைப்பதும், பிறரைக் காக்க வைக்காததும், பிறர் கண்ணுக்காக வாங்காததும் எதுவோ அதுவே நல்ல கைப்பேசி. கடைத்தெருவுக்குப் போகுமுன் நமக்குத் தேவையானதை ஒரு தாளில் எழுதிக்கொள்வோம். விலையை மாதக் கணக்காகப் பிரித்துப் பார்ப்போம். வேலை செய்யும் தம்பிக்கும் அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுப்போம். பிறகு கடைக்காரர் எவ்வளவு பெரிய எண்ணைக் காட்டினாலும், நம் கையில் நமது அளவுகோல் இருக்கும்.