அனுமதி கேளாத பணியாள்

பணியாளுக்கு மாற்றாகப் பொறியொன்றை அமைத்துவிட வேண்டும் என்னும் வேட்கை இன்று நேற்றுத் தோன்றியதன்று. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள் மூவரும் தாமே இயங்கும் பொறிகளைப் பற்றி அரபு மொழியில் ஒரு நூல் இயற்றினார்கள். அவர்களுக்குப் பின், தியார்பக்ர் பகுதியை ஆண்ட அர்துக்கிய மன்னர்களிடம் பணியாற்றிய அல்ஜஸரீ, ஐம்பது பொறிகளின் அமைப்பைப் படங்களுடன் விளக்கும் தமது நூலை ஹிஜ்ரி 602இல், அதாவது கி.பி. 1206இல் நிறைவு செய்தார்.

அந்நூலில் நம் சிந்தனையைத் தூண்டும் செய்தி ஒன்று உண்டு. தாம் ஒளூச் செய்யும்போது பணியாளோ பணிப்பெண்ணோ அருகில் நின்று கையில் நீர் வார்ப்பதை மன்னர் விரும்பவில்லை. ஆதலால் அவ்வேலையைச் செய்யத்தக்க பொறி ஒன்றை ஆக்கித் தருமாறு கேட்டார். அல்ஜஸரீ அதனை ஆக்கிக் கொடுத்தார். அது நீர் வார்த்தது. வேலை முடிந்ததும் ஓய்ந்தது. மன்னர் யாருடன் இருந்தார், என்ன பேசினார் என்பதை அது எவரிடமும் சென்று கூறவில்லை. பிறர் பார்வையிலிருந்து ஒருவரின் தனிமையைக் காத்துக் கொடுத்ததே அப்பொறியின் சிறப்பு.

இன்று நம் இல்லங்களுக்குள் வந்திருக்கும் ‘ஸ்மார்ட்’ கருவிகளை இந்த அளவுகோலால் அளந்து பார்ப்போம். பெயர் சொல்லி அழைத்தால் விடை கூறும் பெட்டி. தானே ஊர்ந்து தரையைப் பெருக்கும் இயந்திரம். வாயிலில் நிற்பவரைக் கைப்பேசியில் காட்டும் அழைப்பு மணி. உள்ளிருக்கும் பொருள்களைப் படமெடுத்துக் காட்டும் குளிர்பதனப் பெட்டி. இவை வியப்புக்குரியவை, பயனுள்ளவையும்கூட. பார்வையிழந்த முதியவர் ஒருவர் எவர் துணையுமின்றித் தொழுகை நேரத்தைக் கேட்டறிகிறார். படுக்கையை விட்டு எழ இயலாத நோயாளி தம் குரலால் விளக்கை எரியச் செய்கிறார். இத்தகைய உதவியை இகழ்வது முறையன்று. ஒலிபெருக்கியைத் தொழுகையில் பயன்படுத்தலாமா என்று உலமாக்கள் நெடுங்காலம் விவாதித்ததை நாம் அறிவோம். புதியது என்பதற்காகவே ஒன்றைத் தள்ளிவிடுவது அறிவுடைமையாகாது.

ஆனால், பணி செய்யும் இக்கருவி பார்த்ததையும் கேட்டதையும் என்ன செய்கிறது?

பேசும் பெட்டி, தன்னை அழைக்கும் சொல்லுக்காக எந்நேரமும் செவி சாய்த்திருக்கிறது. அச்சொல்லைக் கேட்டதும், சில வேளை கேட்டதாகத் தவறாகக் கொண்டதும், அடுத்து வரும் பேச்சைப் பதிந்து தொலைவிலுள்ள நிறுவனத்தின் கணினிகளுக்கு இணையத்தின் வழியே அனுப்புகிறது. 2014இல் ‘அமேசான்’ நிறுவனம் அறிமுகப்படுத்திய ‘எக்கோ’ பெட்டியின் பதிவுகளுள் சிலவற்றை, அதன் திறனை வளர்ப்பதற்காக ஊழியர்கள் கேட்டு எழுதி வந்தார்கள் என்பது 2019இல் வெளியாயிற்று. நிறுவனமும் அதனை ஒப்புக்கொண்டது. குழந்தைகளின் குரல் பதிவுகளை முறையின்றி வைத்திருந்ததாக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கை முடித்துக்கொள்ள, 2023இல் அந்நிறுவனம் 2 கோடியே 50 இலட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது.

2020இல் சோதனைக்காக வீடுகளில் விடப்பட்ட ‘ரூம்பா’ என்னும் பெருக்கும் இயந்திரங்கள் எடுத்த படங்களின் கதை இதனினும் வேதனையானது. அவற்றுள் சில, வெனிசுவேலா நாட்டில் கூலிக்குப் படங்களைப் பார்த்துக் குறிப்பெழுதும் தொழிலாளர்களின் இணையக் குழுக்களில் உலவின. கழிவறையில் இருந்த ஒரு பெண்ணின் படமும் அவற்றில் ஒன்று. 2022இல் அமெரிக்க இதழ் ஒன்று இதனை வெளிக்கொணர்ந்தது. அவை விற்பனைக்கு விடப்பட்ட இயந்திரங்கள் அல்ல, ஒப்புதல் எழுதிக் கொடுத்தவர்களின் வீடுகளில் இருந்தவை என்று நிறுவனம் விளக்கம் தந்தது. எழுதிக் கொடுத்தவர், தம் இல்லத்துக் காட்சியைக் கடல் கடந்த அந்நியர் காண்பார் என்பதை அறிந்தா எழுதிக் கொடுத்திருப்பார்?

மன்னரின் பொறி அருகில் நின்ற பணியாளை வெளியே அனுப்பியது. நம் பொறியோ முகமறியாப் பணியாளர் பலரை உள்ளே அழைத்து வந்துவிடுகிறது.

மின்விசிறி தன் கீழ் அமர்ந்திருப்பவர் யாரென அறியாது. அது சுவரையும் தூணையும் போன்றது. பார்த்ததையும் கேட்டதையும் மற்றொருவரிடம் சேர்க்கும் கருவியைச் சுவரென்று எண்ணலாகாது. அதனை வீட்டுக்குள் நடமாடும் ஆளாகவே கருத வேண்டும். ஆளுக்கு உரிய ஒழுங்கு அதற்கும் உரியதாகிறது.

அவ்வொழுங்கு யாது? பிறர் இல்லத்தில் அனுமதி பெற்று ஸலாம் கூறியே நுழைய வேண்டும் என்பது திருமறையின் ‘அந்நூர்’ அத்தியாயம் கற்பிக்கும் பண்பு. அதே அத்தியாயம் இன்னும் நுட்பமான ஒன்றையும் கற்பிக்கிறது. வீட்டிலேயே பழகும் பணியாளர்களும் பருவமடையாத சிறுவர்களும்கூட, வைகறைத் தொழுகைக்கு முன்பும், ஆடை களைந்து இளைப்பாறும் நண்பகலிலும், இஷாத் தொழுகைக்குப் பின்பும் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும். அன்றாடம் வந்துபோகும் பணியாளுக்கே மூன்று வேளை கதவு சாத்தப்படுகிறது என்றால், இரவும் பகலும் உறங்காத இந்தப் பணியாளுக்கு எந்த வேளையில் நாம் கதவைச் சாத்துகிறோம்? அனுமதி கேட்கும் முறை ஏற்பட்டதே பார்வையின் பொருட்டுத்தான் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் விளக்கம். கேமராவின் காலத்தில் இதன் ஆழம் நமக்கு இன்னும் தெளிவாகப் புலப்படுகிறது.

“குற்றம் செய்யாதவன் எதற்கு அஞ்ச வேண்டும்?” என்று கேட்பவர் உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘இஹ்யா’வில் ஒரு நிகழ்ச்சி காணப்படுகிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஒரு வீட்டின் சுவரேறிச் சென்று, உள்ளே தவறு செய்து கொண்டிருந்தவரைக் கண்டித்தார்கள். அவரோ, தாம் செய்த பிழை ஒன்றெனில், துருவி ஆராய்ந்ததும், வாயில் வழியே வராததும், அனுமதியின்றி நுழைந்ததுமாக கலீஃபாவின் பிழை மூன்று என்றார். நீதிக்குப் பெயர் பெற்ற கலீஃபா அவரைத் தண்டிக்காது திரும்பினார்கள். தவறு செய்தவரின் வீட்டுக்கே அவ்வளவு கண்ணியம் இருந்ததெனில், தவறேதும் செய்யாதவரின் வீட்டுக்கு அது குறைந்துவிடுமா?

“அல்லாஹ் எல்லாவற்றையும் பார்த்துக் கொண்டுதானே இருக்கிறான்?” என்பது மற்றொரு வாதம். அவன் பார்க்கிறான், பார்த்ததை மறைக்கவும் செய்கிறான். ‘ஸத்தார்’ என்று நாம் அவனை அழைப்பது அதனால்தான். வணிக நிறுவனமோ பார்த்ததைச் சேமித்து வைக்கிறது. இரண்டும் ஒன்றாகுமா?

இங்கு நம் குடும்பங்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய சிக்கல் ஒன்று இருக்கிறது. வளைகுடா நாட்டில் உழைக்கும் மகன், தனித்திருக்கும் தாயின் நலம் காணக் கூடத்தில் கேமரா பொருத்துகிறான். அவன் எண்ணம் தூயது. ஆனால் அக்கூடத்தில் மருமகள் தலைமுடி உலர்த்துகிறாள். அண்டை வீட்டுப் பெண் வந்தமர்ந்து தன் மனத்துயரைக் கொட்டுகிறாள். அவர்களிடம் அனுமதி பெற்றது யார்? ஒருவர் தம் உரிமையை விட்டுக்கொடுக்கலாம். பிறர் உரிமையை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் அவருக்கில்லை. வீட்டின் உரிமையாளர் கைப்பேசியில் தட்டும் ஒற்றை ஒப்புதல், விருந்தினரையும் குழந்தையையும் கட்டுப்படுத்தாது. நம்பி நம் வீட்டில் பேசப்படும் பேச்சு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகும்.

ஆகவே கருவியைத் துறக்க வேண்டியதில்லை. அதற்கு ஒழுங்கு கற்பித்தால் போதும். படுக்கையறைக்குள்ளும் பெண்கள் புழங்கும் இடத்திலும் பார்க்கும் கருவிக்கு இடமளிக்கலாகாது. ஓய்வு வேளைகளில் கேட்கும் கருவியின் மின்னிணைப்பைத் துண்டித்து வைக்கலாம். வருவோரிடம் “இங்கே இப்படி ஒன்று இருக்கிறது” என்று முன்கூட்டியே சொல்வது விருந்தோம்பலின் ஒரு பகுதி. வாங்கும் முன், இப்பொருள் தன் வேலையைச் செய்ய இணையத்தோடு பிணைந்திருக்கத்தான் வேண்டுமா என்று கேட்பது சிக்கனமும் பாதுகாப்புமாகும்.

அரபு மொழியில் இல்லத்திற்கு ‘மஸ்கன்’ என்று பெயர். மன அமைதியைக் குறிக்கும் ‘ஸகீனத்’ என்னும் சொல்லும் அதே வேரில் பிறந்தது. அமைதி குடியிருக்கும் இடமே இல்லம். நம் இல்லத்தில் யார் பார்க்கிறார், யார் கேட்கிறார் என்பதை நாம் அறிந்திருக்கும் வரையில்தான் அந்த அமைதி அங்கே தங்கும்.